பதினொன்றாம் கேள்வி

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்த அந்த சர்வே கம்பெனியில் அவளை எல்லோரும் கேள்வியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருஷமாக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு, பதிலைப் படிவத்தில் எழுதி வருகிறவள். சோப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறாள், குடிதண்ணீரைப் பற்றிக் கேட்டிருக்கிறாள், ஒருமுறை கொசுவைப் பற்றியே நாற்பத்திரண்டு கேள்வி கேட்டிருக்கிறாள். கதவைத் தட்டிவிட்டு ஓரடி பின்னால் தள்ளி, பக்கவாட்டில் நிற்பாள். திறக்கிறவர்களுக்குத் தெருவும் தெரிய வேண்டும், அவள் கையில் விற்பதற்கு ஒன்றும் இல்லை என்பதும் தெரிய வேண்டும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம், "வயசை முதல்ல கேட்டா கதவு பாதி சாத்திக்கும். வருமானத்தைக் கேட்டா முழுசா சாத்திக்கும்" என்பாள்.

கேள்விகளை எழுதுவது அவள் வேலை இல்லை. அதற்கு ஒருவர் இருந்தார். புள்ளியியல் படித்தவர், அவளைவிட ஐந்து வயது இளையவர். புள்ளி சார் என்று பெயர். தன் பட்டப்பெயர் தெரிந்தும் தெரியாதவர்போல இருப்பார். ஒரு கேள்வியில் ஒரு கமாவுக்காக ஒரு மணி நேரம் யோசிக்கிற மனிதர். படிவம் அச்சாகி வந்தால் முதல் பிரதியை முகர்ந்து பார்ப்பார்.

அந்த வருஷம் ஊரின் பெரிய மருத்துவமனை ஒன்று, வெளிநோயாளிகள் எப்படி உணர்கிறார்கள் என்று அறிய விரும்பியது. புள்ளி சார் இருபது கேள்வி எழுதினார். அதில் பதினொன்றாவது: 'மருத்துவர் உங்கள் நோயையும் மருந்துகளையும் விளக்கியதில் உங்களுக்கு எந்த அளவு திருப்தி?' கீழே ஐந்து கட்டங்கள், 'மிகவும் திருப்தி'யில் தொடங்கி 'சிறிதும் இல்லை' வரைக்கும்.

மருத்துவமனை கொடுத்த பட்டியலில் நானூறு வீடுகள். கேள்வியக்காவும் இன்னும் மூன்று பேருமாக ஒன்றரை மாதத்தில் முடித்தார்கள். பதினொன்றாம் கேள்விக்கு நூற்றுக்கு எண்பத்தாறு பேர் திருப்தி என்று சொல்லியிருந்தார்கள். புள்ளி சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவளுக்குத்தான் மனசு ஒட்டவில்லை.

காரணம் ஒரு தையற்காரி. கழுத்து வலிக்காக மருத்துவமனைக்குப் போய்வந்தவள். "ரொம்ப நல்லா விளக்கினாரும்மா, தங்கமான டாக்டர்" என்று சொல்லி, முதல் கட்டத்தில் டிக் போடவைத்தாள். கேள்வியக்கா படிவத்தை மூடி, பேனாவைப் பையில் வைத்துவிட்டு எழுந்தாள். அப்போது தையற்காரி ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள்.

"நீங்க நாலு இடம் போய்வர்றவங்க. இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? கொஞ்சம் சொல்லுங்களேன்."

அந்த வாரம் இதேபோல ஏழு வீடுகளில் நடந்தது. எல்லாமே பேனா பைக்குள் போன பிறகு.

அவள் இதை புள்ளி சாரிடம் சொன்னபோது, அவர் அறிக்கையின் முதல் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"இதைப் படிவத்துல எழுதினீங்களாக்கா?"

"எழுத எங்க சார் இடம் இருக்கு? அஞ்சு கட்டம்தானே குடுத்திருக்கீங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மத்தவங்ககிட்டயும் கேளுங்க" என்றார். மற்ற மூன்று பேரையும் கேட்டால், ஆளுக்கு ஐந்தாறு வீட்டுக் கதை சொன்னார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். புள்ளி சார் பதினொன்றாம் கேள்வியை மறுபடி வாசித்தார். "டாக்டர் நல்லவரான்னு நாம கேட்ட மாதிரி ஆயிடுச்சு. நல்லவர்தான்னு சொல்லிட்டாங்க. நீங்களே ஒரு கேள்வி எழுதுங்கக்கா. முப்பது வீட்டுல போட்டுப் பார்ப்போம்."

பத்தொன்பது வருஷத்தில் அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. வீட்டுக்குப் போகும்வரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மனசுக்குள்ளேயே எழுதிக்கொண்டு வந்தாள். 'உங்களிடம் இருக்கும் மருந்துகளில் எது எதற்கு, எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்ல முடியுமா?' நேருக்கு நேரான கேள்வி. யாரும் நழுவ முடியாது. அவளுக்கே தன்மேல் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் முதல் வீட்டிலேயே மூக்குடைபட்டாள். அது ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் வீடு. "முப்பத்தஞ்சு வருஷம் நான் பரீட்சை வெச்சவ. எனக்கே பரீட்சை வைக்க வந்தியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த வீட்டுக்காரர் பதறிப்போய், "இருங்க, இருங்க, எம்பொண்ணுக்குத்தான் தெரியும்" என்று மகளுக்குப் போன் போட்டார். இன்னொரு அம்மாள், தப்பாகச் சொன்னால் மருத்துவமனையில் இலவச மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்து, மாத்திரை டப்பாவையே முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பதினோரு வீட்டோடு கேள்வியக்கா திரும்பிவிட்டாள்.

"சரிப்பட்டு வரலை சார்" என்று நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். டீச்சர் கதையைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"என் கேள்வி எல்லாரையும் மரியாதைக்காரங்களா ஆக்குச்சு. உங்க கேள்வி எல்லாரையும் குற்றவாளி ஆக்கிடுச்சு" என்றார் அவர். "நடுவுல ஏதோ ஒண்ணு இருக்கணும்க்கா."

சனிக்கிழமை அவள் கணவர் படிக்கிற கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக்கடையில் வேலை அவருக்கு. கண்ணாடி இல்லாமல் மருந்துச் சீட்டைப் படித்தால் ஊர் என்ன ஆகும் என்று நினைத்து, அவளே எடுத்துக்கொண்டு போனாள். கூட்டமாக இருந்ததால் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். முதலில் வந்தவர் சீட்டை நீட்டி, "டாக்டர் இதுல என்னங்க எழுதியிருக்காரு?" என்றார். அடுத்து வந்த பெண்ணிடம் மருந்து ஏற்கெனவே இருந்தது. "ரெண்டும் ஒண்ணா போடலாமாண்ணா?" என்று கேட்டுவிட்டு, எதுவும் வாங்காமல் போனாள். அரைமணி நேரத்தில் ஒன்பது பேர். கணவர் பொறுமையாக, மாத்திரை அட்டையில் பேனாவால் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் குறைந்ததும் அவள் கேட்டாள்: "ஏங்க, தினமும் இப்படித்தானா?"

"பின்னே? பாதிப் பேரு மருந்து வாங்கவா வர்றாங்க? டாக்டர் என்ன சொன்னாருன்னு எங்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்க வர்றாங்க."

"இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க?"

"நீ ஊரையெல்லாம் கேப்ப. என்னைக் கேட்டாத்தானே!" என்றார், கண்ணாடியைத் துடைத்தபடி.

அவள் அங்கேயே ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதினாள்.

திங்கட்கிழமை காலை புள்ளி சார் அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். 'மருத்துவரைப் பார்த்து வந்த பிறகு, மருந்து பற்றி வேறு யாரிடமாவது சந்தேகம் கேட்டீர்களா?' இதில் பெருமைப்படவும் ஒன்றுமில்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. நடந்ததைச் சொன்னால் போதும். "பிரமாதம்க்கா" என்றார். ஆனால் அன்றைக்கே நாலு வீட்டில் கேட்டுப் பார்த்ததில் ஒரு வார்த்தை உதைத்தது. "சந்தேகமா? டாக்டர் மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லைங்க!" என்று இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். 'சந்தேகம்' போனது. ஆமா, இல்லை என்று கேட்டால் இல்லை என்பதுதான் வாயில் சுலபமாக வருகிறது என்று அவள் சொன்னாள். அதனால் 'வேறு யாரிடம் கேட்டீர்கள்?' என்று ஆனது. 'யாரிடமும் கேட்கவில்லை' என்பதையும் ஒரு பதிலாக வைத்தார்கள்.

கடைசியில் ஒரு சண்டை வந்தது. 'பலரும் வீட்டுக்கு வந்த பிறகு யாரிடமாவது கேட்பதுண்டு' என்று முன்னால் ஒரு வரி சேர்த்தால் மக்கள் கூசாமல் சொல்வார்கள் என்றாள் அவள். அது வாயைக் கிளறிப் பதிலைப் பிடுங்குவது போல ஆகிவிடும் என்றார் அவர். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. முடிவில் முப்பது வீட்டைச் சீட்டுக் குலுக்கிப் பாதியாகப் பிரித்தார்கள். பதினைந்து வீட்டில் அந்த வரியோடு, பதினைந்தில் வரி இல்லாமல். முதல் பாதியில் ஒன்பது பேர் யாரிடமோ கேட்டிருந்தார்கள், இரண்டாவதில் எட்டு. அந்த வரி இல்லாமலேயே மக்கள் உள்ளதைத்தான் சொல்கிறார்கள் என்று அவள் ஒத்துக்கொண்டு, வரியைத் தன் கையாலேயே அடித்தாள். ஒரு வாரம் கழித்து, அந்த முப்பதில் பத்து வீட்டுக்குப் போய் மறுபடியும் கேட்டார்கள். ஒன்பது பேர் அதே பதிலைச் சொன்னார்கள். பத்தாவது ஆள், போன தடவை அவசரத்தில் மாற்றிச் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

பிறகு அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு நானூறு வீட்டுக்கும் திரும்ப ஏறி இறங்கினார்கள். இருநூற்று முப்பத்தாறு பேர் வேறு யாரையோ கேட்டிருந்தார்கள்.

மருத்துவமனையின் நிர்வாகி முதலில் நெற்றியைச் சுருக்கினார். "நூத்துக்கு எண்பத்தாறு பேருக்குத் திருப்தின்னும் சொல்றீங்க, பாதிக்கு மேல புரியலைன்னும் சொல்றீங்க. எது நிஜம்?"

"ரெண்டும்தாங்க" என்றாள் கேள்வியக்கா. புள்ளி சார்தான் அவளைக் கூட அழைத்து வந்திருந்தார். "டாக்டரைப் பிடிச்சிருக்கு. அவர் சொன்னது வேகமா போயிடுச்சு."

"யார்கிட்ட போய்க் கேக்கறாங்களாம்?"

அவள் பட்டியலை வாசித்தாள். மருந்துக்கடை, மகள், பக்கத்து வீடு. பதினான்கு பேர், அந்த மருத்துவமனையில் வண்டி நிறுத்துமிடத்துக் காவலாளியிடம். நிர்வாகி வாய்விட்டுச் சிரித்தார். "அவரா! அதான் எப்பவும் அவரைச் சுத்திக் கூட்டமா இருக்கு." இரண்டு மாதத்தில் மருத்துவர் அறைகளுக்கு வெளியே ஒரு மேசை போட்டு, சீட்டை நிதானமாக விளக்க ஒரு நர்சை உட்கார வைத்தார்கள். முதல் நாளே வரிசை படிக்கட்டுவரை நின்றதாம்.

அதற்குப் பிறகு கம்பெனியில் அவளுக்கென்று ஐந்தாவதாக ஒரு மேசை வந்தது. எப்போதும் மேசையிலேயே உட்காரச் சொன்னபோது அவள் மறுத்துவிட்டாள். தெருவுக்குப் போகாவிட்டால் தன் காது மந்தமாகிவிடும் என்றாள். செவ்வாயும் வியாழனும் மட்டும் மேசை என்று பேசி முடித்தார்கள். அந்த நாட்களில் புள்ளி சார் புதுக் கேள்விகளைச் சத்தமாக வாசிப்பார். அவள் அவசரக்காரியாக, காது கேளாதவராக, எதற்கும் பிடிகொடுக்காத ஆசாமியாக மாறி மாறிப் பதில் சொல்வாள். ஆபீஸே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும்.

போன வியாழக்கிழமை பள்ளிப் போக்குவரத்து பற்றிய படிவம் வந்தது. புள்ளி சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "உங்கள் பிள்ளை பள்ளிக்கு எப்படிப் போகிறான்?" என்று வாசித்தார்.

"அழுதுக்கிட்டேதான் போறான் சார், வேற எப்படிப் போவான்!" என்றாள் கேள்வியக்கா.

அவர் சிரித்துக்கொண்டே பென்சிலை எடுத்து அந்தக் கேள்வியை அடித்தார்.