கப்பலுக்கு எந்த ஊர்?

கல்யாணமான இரண்டாம் வருடம் நான் என் கணவருக்கு எழுதிய கடிதம் ஒன்று பிரிக்கப்படாமல் ஆவடிக்கே திரும்பி வந்தது. உறையின் மேல் ஏதோ ஓர் ஐரோப்பியத் துறைமுகத்தின் முத்திரை. அதற்குக் கீழே, இந்தப் பெயரில் கப்பல் எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தார்கள். அதற்கு முந்தின மாதம்வரை அதே விலாசத்துக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். கப்பல் முழுகியிருந்தால் பேப்பரில் வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

அப்போது நான் ராணுவத்துக்குத் துணிமணி தைக்கும் தொழிற்சாலையில் இருந்தேன். அப்பா அங்கே பணியில் இருக்கும்போதே இறந்துபோனதால், கருணை அடிப்படையில் எனக்குக் கிடைத்த வேலை. குவார்ட்டர்ஸும் என் பெயரில்தான் இருந்தது. பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்த என் கணவருக்கு ஒரு ஃபெர்ரிக் கப்பலில் வேலை. உலகம் சுற்றும் கப்பல் இல்லை அது. ஒரு நாட்டுக் கரையில் ஆட்களையும் கார்களையும் லாரிகளையும் ஏற்றிக்கொண்டு எதிர்க்கரையில் இறக்கிவிட்டுத் திரும்பும். "ஆவடிக்கும் பீச்சுக்கும் ஓடுற எலக்ட்ரிக் ட்ரெயின் மாதிரிதான். இன்னா, நடுவுல தண்ணி" என்பார். வண்டிகள் நிற்கும் கீழ்த்தளத்தில், லாரிகள் அசையாதபடி சங்கிலி போட்டு இறுக்குவது அவர் வேலை.

இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. கப்பலுக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள், கொடியையும் மாற்றிவிட்டார்கள், சாப்பாடு மட்டும் அதேதான் என்று எழுதியிருந்தார். மழை பெய்தது, வெயில் அடித்தது என்று எழுதுவது போல இருந்தது.

விடுமுறையில் வந்தபோது இன்னும் கொஞ்சம் சொன்னார். கப்பலின் பின்பக்கத்தில் பழைய பெயரை அழித்துப் புதுப் பெயர் எழுதினார்களாம். அதற்குக் கீழே ஓர் ஊரின் பெயரையும் எழுதினார்களாம். கடலுக்கு அந்தப்புறம், வேறு கண்டத்தில் இருக்கும் ஊர்.

"அந்த ஊருக்கு எங்க கப்பல் ஒரு தபா கூடப் போனதில்ல. போகப் போறதும் இல்ல."

"அப்புறம் எதுக்கு அந்த ஊர் பேர எழுதணும்?"

"கப்பலுக்கு ஒரு ஊர் வேணுமாம். நமக்கு ரேஷன் கார்டு மாதிரி."

இரண்டு பேரும் சிரித்தோம். புது ஒப்பந்தத்தில், நான்கு மாதத்துக்கு ஒருமுறை கிடைத்த விடுமுறை பத்து மாதத்துக்கு ஒருமுறை என்று ஆகியிருந்தது. உடம்புக்கு முடியாமல் போனால் சம்பளம் கிடையாது. அதையும் அவர் ரேஷன் கார்டைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த வருடம் ஒரு காலையில், குவார்ட்டர்ஸ் வாசலில் ஆட்டோவிலிருந்து ஒரு கைத்தடியுடன் இறங்கினார். கடல் கொந்தளித்த ஒரு நாள், சங்கிலி தளர்ந்து லாரி ஒன்று நகர்ந்திருக்கிறது. இறுக்கப் போனவருடைய வலது முட்டி, லாரிக்கும் இரும்புச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் கம்பெனி ஆள் ஒருவர் விமான டிக்கெட்டும் ஒரு காகிதமுமாக வந்தாராம். இவர் தன் சொந்த விருப்பத்தில் ஊருக்குப் போவதாக அதில் எழுதியிருந்தது. இவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

எங்கள் தொழிற்சாலையில் ஒருத்தி விரலில் ஊசி ஏறினால்கூட விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். முதலுதவி அறை, மூன்று பிரதி அறிக்கை, மேற்பார்வையாளரின் விசாரணை எல்லாம் உண்டு. எனக்கு உலகமே அப்படித்தான் இருக்கும் என்று ஒரு நினைப்பு. அதனால் இவர் முட்டி விஷயத்தையும் எங்கோ எழுதி வைத்திருப்பார்கள், அது எங்கே என்று கண்டுபிடித்தால் போதும் என்று கிளம்பினேன்.

ஸ்டேஷன் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து பம்பாய் ஏஜென்ட்டுக்குப் பேசினேன். அவர்கள் ஆள் அனுப்புவதோடு சரி, முதலாளி தாங்கள் இல்லை என்றார்கள். முதலாளி யார் என்று கேட்டேன். கொடி எந்த நாடோ அங்கே பதிவான கம்பெனி என்றார்கள். அதன் விலாசம் கேட்டபோது ஒரு தபால் பெட்டி எண் கொடுத்தார்கள்.

அரை நாள் லீவு போட்டு, ரயிலேறித் துறைமுகத்துப் பக்கம் இருந்த அரசு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். மூன்று கேள்வி கேட்டார். கப்பல் இந்தியக் கொடியா? உங்கள் கணவர் எங்கள் அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் போனாரா? ஒப்பந்தம் இந்தியாவில் கையெழுத்தானதா? மூன்றுக்கும் இல்லை என்றேன்.

"அப்ப நீங்க வர வேண்டிய இடம் இது இல்லம்மா."

"வேற எங்க சார் போகணும்?"

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உண்மையாகவே யோசித்தார். "எனக்குத் தெரியலம்மா" என்றார். நான் பார்த்த அத்தனை பேரிலும் அந்த ஒருவர் மேல்தான் எனக்குக் கோபம் வரவில்லை.

எங்கள் பிரிவின் சங்கச் செயலாளருக்குத் தொழிலாளர் சட்டங்கள் தலைகீழ்ப் பாடம். மதிய இடைவேளையில் டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

"இதுக்குப் பேரே இருக்கும்மா. வசதிக் கொடின்னு சொல்வாங்க. முதலாளி ஒரு நாட்டுல உக்காந்திருப்பான். எந்த நாட்டுல வரி கம்மியோ, எந்த நாட்டுல தொழிலாளி சட்டம் கெடுபிடி இல்லையோ, அந்த நாட்டுக் கொடிய ஏத்திக்குவான். கப்பலுக்குள்ள அந்த நாட்டுச் சட்டம்தான்."

"அந்த நாட்டுக்கு எழுதினா?"

"எழுதலாம். பதில் வராது. கப்பல் தினம் வந்து நிக்குற ஊர் எதுன்னு பாரு. அங்க கப்பல்காரங்க சங்கம் ஒண்ணு இருக்கும். அவங்களுக்கு எழுது."

அன்று சாயங்காலம் இதைச் சொன்னதும் என் கணவர் முகம் மாறிவிட்டது.

"அவங்களுக்கு மட்டும் வாணாம்."

"ஏங்க?"

"வாணான்னா வுட்டுடேன்."

நான் விடவில்லை. என் கடிதம் திரும்பி வந்த அந்த மாதத்தில் நடந்ததை, கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னார். கப்பலில் பம்பாய் வழியாகப் போனவர்கள் பத்துப் பேர். மற்ற எல்லோரும் கப்பல் தினம் வந்து நிற்கும் அந்தத் துறைமுகத்து ஆட்கள். கொடி மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்னால், இந்தப் பத்துப் பேரையும் புதிதாகக் கூட்டி வந்தவர்களையும் ஒரு ஓட்டலில் தங்க வைத்துப் புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். உள்ளூர் ஆட்களிடம் கப்பல் ரிப்பேருக்குப் போகிறது, ஒரு வாரம் லீவு என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். மூன்றாம் நாள் அவர்கள் வந்து பார்த்தபோது, கப்பலில் வேறு பெயர், வேறு கொடி, வேறு ஆட்கள்.

"நாங்க ஏறும்போது அவங்க கீழ வேலைய குடுன்னு எழுதின அட்டைய புடிச்சிகினு நின்னுகினு இருந்தாங்க. அவங்க நடுவுல பூந்துதான் போவணும். கான்டீன்ல ஒரு அம்மா இருப்பாங்க, பத்துப் பதினஞ்சு வருசமா அதே கப்பல். குளுர்ல சங்கிலி போட்டுட்டு வந்தா எனக்குன்னு டீ எடுத்து வெச்சிருப்பாங்க. அவங்களும் நின்னாங்க."

"திட்டினாங்களா?"

"குட்மார்னிங் சொன்னாங்க. தெனமும் சொல்ற மாதிரியே. கல்ல வுட்டு அடிச்சிருந்தாகூட தேவல."

அவர் உறங்கிய பிறகும் நான் யோசித்துக்கொண்டிருந்ததாக எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் நன்றாகத் தூங்கினேன். மறுநாள் செயலாளரின் உதவியோடு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். கணவர் படித்துப் பார்த்தார். அந்தப் பத்துப் பேரில் தானும் ஒருவன் என்பதையும் ஓட்டலில் கையெழுத்துப் போட்டதையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்து அனுப்பினேன்.

ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. முட்டி விஷயத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, ஓர் உதவியும் கேட்டிருந்தார்கள். வேலை இழந்த நாற்பது பேரின் வழக்கு இன்னும் நடக்கிறது. ரிப்பேர் என்று பொய் சொன்னதை நிரூபிக்க முடியவில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன தேதி இருக்கிறது? அதன் நகலையும், ஓட்டலில் நடந்ததைப் பற்றிப் பிரமாணப் பத்திரமும் தர முடியுமா? டைப் அடித்த அந்தக் கடிதத்தின் அடியில், பேனாவால் ஒரு வரி: முட்டி இப்போது எப்படி இருக்கிறது? கீழே கான்டீன் அம்மாளின் கையெழுத்து. அவர் இப்போது சங்க அலுவலகத்தில் இருந்தார்.

ஒப்பந்தம் இவருடைய பெட்டியில் பத்திரமாக இருந்தது. தேதி, கொடி மாறுவதற்கு இரண்டு நாள் முன்பு.

இதற்குள் என் கொழுந்தனாருக்கு அதே பம்பாய் ஏஜென்ட் மூலமாக வேறொரு ஃபெர்ரியில் இடம் கிடைத்திருந்தது. புறப்படும் நாள்கூடச் சொல்லியாகிவிட்டது. விஷயம் கேள்விப்பட்டுப் பூந்தமல்லியிலிருந்து சைக்கிளிலேயே வந்துவிட்டார்.

"அண்ணாத்தே, இப்ப நீ அவங்களுக்கு எழுதிக் குட்தன்னா என் பேர அடிச்சிடுவான். தெரியுமா தெரியாதா?"

நான்தான் வாயைத் திறந்தேன். அங்கே நாற்பது குடும்பம் வேலை இல்லாமல் இருக்கிறது என்றேன்.

"அண்ணி, உங்களுக்கு கவர்மென்ட் வேலை கீது. இருக்க ஊடு கீது. நீங்க நாயம் பேசலாம். எனக்கு இன்னா கீது?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. காபி போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டார்.

இரண்டு நாள் என் கணவர் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தார். மூன்றாம் நாள் காலை, "அந்த வெள்ளச் சட்டைய எடு. பூந்தமல்லி கோர்ட்டாண்ட போயிட்டு வந்துடலாம்" என்றார். எது அவரை முடிவெடுக்க வைத்தது என்று பல வருடம் கழித்துக் கேட்டேன். "முட்டி எப்டி கீதுன்னு கேட்டாங்க இல்ல, அதுக்கு பதில் எழுதணும். இத எழுதாம அத மட்டும் எப்டி எழுதறது?" என்றார்.

கோர்ட்டுக்கு எதிரே ஒரு பந்தலுக்கடியில் டைப்பிஸ்ட் இருந்தார். நிலத் தகராறும் வாடகைத் தகராறும் அடித்துப் பழகியவர். பெயர், தகப்பனார் பெயர், வயது எல்லாம் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"கப்பலுக்கு எந்த ஊர் சார்?"

கணவர் விளக்க ஆரம்பித்தார். முதலாளி ஓர் ஊர், கொடி வேறோர் ஊர், ஆள் எடுப்பது பம்பாய், ஓடுவது இன்னோர் ஊர்.

"சார், ஒரு லைன்தான் எடம். ஒண்ணு சொல்லுங்க."

இவர் தடியை ஊன்றிக்கொண்டு மேசையருகே ஓரடி வந்தார். பிறகு அந்தத் துறைமுகத்தின் பெயரைச் சொன்னார், வேலை இழந்தவர்கள் அட்டை பிடித்து நின்ற ஊரை. ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி அடிக்க வைத்தார். சட்டப்படி அது தப்பு. பின்னால் அந்தச் சங்கத்து வக்கீல் திருத்தி வாங்கிக்கொண்டார்.

முடிவு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் ஒரு நாள் துறைமுகத் தொழிலாளர்கள் அந்தக் கப்பலின் கயிற்றைப் பிடித்துக் கட்ட மறுத்தார்களாம். கார்களோடும் ஆட்களோடும் கப்பல் கரைக்கு வெளியே பாதி நாள் நின்றதாம். அதன் பிறகே கம்பெனி பேச வந்தது. வேலை இழந்தவர்களில் பாதிப் பேரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பேருக்கு ஏதோ கொடுத்து முடித்தார்கள். கொடி மாறவில்லை. கான்டீன் அம்மாள் கப்பலுக்குத் திரும்பவில்லை. தனக்கு வயதாகிவிட்டது என்று எழுதியிருந்தார்.

எங்களுக்கு, இது வேலையில் ஏற்பட்ட காயம்தான் என்று கம்பெனி ஒப்புக்கொண்ட காகிதம் வந்தது. அறுவை சிகிச்சைக்கான தொகையும் வந்தது. சென்னையிலேயே செய்தோம். முட்டி முக்கால்வாசி மடங்கியது. கடலுக்குப் போக அது போதாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கப் போனார். அங்கேயும் கான்ட்ராக்ட் மூலமாகத்தான். சம்பளம் கொடுக்கும் பெயர் வேறு, வாசலில் தொங்கும் பெயர் வேறு. சேர்ந்த முதல் வாரத்திலேயே அதைக் கவனித்துச் சொன்னார்.

கொழுந்தனாரின் பெயரை ஏஜென்ட் அடித்துவிட்டார். அவர் சொன்னபடியே நடந்தது. இரண்டு பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. நாங்கள் போனால் வேலை இருப்பதாக வெளியே போய்விடுவார். நானும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. என்னவென்று கேட்பது என்று தெரியவில்லை. செய்தது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது நான் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் ஆவடிக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். வேறொரு ஏஜென்ட், வேறொரு ஃபெர்ரி. கவரிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து அண்ணன் மடியில் வைத்தார்.

"படிச்சி சொல்லு."

அண்ணனும் தம்பியும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்கள். புரியாத இடத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். பத்து மாத வேலை. உடம்புக்கு முடியாமல் போனால் கம்பெனி தன் விருப்பப்படி திருப்பி அனுப்பலாம். தகராறு எழுந்தால் கொடி நாட்டின் சட்டம். கப்பலின் ஊர் என்று ஒரு பெயர் இருந்தது. வீட்டில் இருந்த பள்ளிக்கூட அட்லஸில் தேடினோம். ஒரு புள்ளியாக இருந்தது.

"எல்லாம் அதேதாண்டா" என்றார் என் கணவர்.

"தெரியுது. எதெத கேக்கணும், எங்க எழுதணும்னு மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தார். விபத்து நடந்தால் கப்பலின் பதிவுப் புத்தகத்தில் எழுதச் சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரியில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது, ஒப்பந்தத்தின் நகலை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும், கப்பல் நிற்கும் துறைமுகத்துச் சங்கத்தின் விலாசத்தை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கொழுந்தனார் அந்தக் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் பேனா கேட்டு வாங்கி, ஒப்பந்தத்தைச் சுவரோடு சேர்த்து வைத்துக் கையெழுத்துப் போட்டார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். உட்கார்ந்து சாப்பிட்டார். ரசம் மட்டும் இரண்டாம் முறை கேட்டார்.