கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு, ஒரு பள்ளம் நிரப்ப

உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதி ஆட்டத்தன்று, இலங்கை ஆடிக்கொண்டிருக்கும்போதே விமானக் குண்டுக்குப் பயந்து கொழும்பு முழுக்க லைட்டை அணைத்தார்களே, அந்த வருடம். பிறகு ஜூனில் லொட்ஜுகளில் தங்கியிருந்த எங்கள் தமிழ்ச் சனத்தை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவில் கொண்டுபோய் இறக்கினார்கள். அதற்கும் பிறகு, ஆவணி பிறந்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நானும் மனைவி புவனமும் வெள்ளவத்தைக்கு ஒரு டொக்டரிடம் போனோம்.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. இலக்கம் மட்டும் தெரியும். நான் சொல்வதைக் கீழ் வீட்டு ரீச்சர் எழுத்துத் தமிழில் திருத்திப் போடுகிறார். கத்தி வைக்காமல் ஊசியால் பின்பக்கத்தைத் திருத்தும் இடங்கள் இப்போது கொழும்பில் நிறைய வந்துவிட்டன. போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு எங்கள் பயணம் உதவும்.

புவனம் வெள்ளவத்தையில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்தாள். விற்பது மட்டுமில்லை, சேலையைத் தன் உடம்பில் சுற்றிக் காட்டுவதும் அவள்தான். கலியாணப் பெண்கள் கண்ணாடியில் தங்களைப் பார்ப்பதை விட்டு அவளைப் பார்ப்பார்கள். ஆனால் அவளுடைய இடது பின்பக்கத்தில் சின்ன வயதிலிருந்து ஒரு பள்ளம். உள்ளங்கை அகலம். சேலை அந்த இடத்தில் உள்ளே விழும். அதற்காக மெத்தை ஸ்பொஞ்சை வெட்டி, சேலைக்கரைத் துணியால் மூடித் தைத்து, இடுப்பில் நாடாவால் கட்டிக்கொள்வாள். பதினொரு வருடமாகக் கட்டினாள். கடையில் முதலாளியம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

கொழும்பில் உடுப்புக்குள் ஒரு பொதியைக் கட்டிக்கொண்டு நடப்பது என்றால் அந்தக் காலத்தில் குண்டு என்றுதான் அர்த்தம், இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். எங்களுக்குத்தான் உறைக்கவில்லை. தினமும் கட்டுவது உடம்போடு உடம்பாகிவிட்டது. மற்ற நாட்களில் சோதனைச் சாவடியில் கைப்பையைப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். நாங்கள் போவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, கொள்ளுப்பிட்டிக்கு முன்னால் எல்லோரையும் பஸ்ஸால் இறக்கி, பெண்களைத் திரைக்கூட்டுக்குள் விட்டுத் தடவிப் பார்த்தார்கள். பொலிஸ் பெண்ணின் கை ஸ்பொஞ்சில் பட்டது. அந்தப் பிள்ளை போட்ட சத்தத்தில் வீதியே காலியாகிவிட்டதாம். புவனம் இரண்டு கையையும் தூக்கியபடி தனியே நாற்பது நிமிடம் நின்றாள். சுற்றிவர, நீட்டிய துவக்குகள். ஸ்பொஞ்சுதான் என்று கண்ட பிறகும் பின்னேரம் மூன்று மணிக்குத்தான் விட்டார்கள்.

அதற்குப் பிறகு நாலு நாள் அவள் படி இறங்கவில்லை. ஸ்பொஞ்சு கட்டினால் சாவடி தாண்ட முடியாது. கட்டாவிட்டால் கண்ணாடிக்கு முன்னால் நிற்க மாட்டேன் என்றாள். முதலாளியம்மா போன் எடுத்து, "ஊசியால நிரப்புற டொக்டர் ஒராள் இஞ்ச இருக்கிறார் புவனம், வந்து கதைச்சுப் பார். காசைப் பிறகு பாப்பம்" என்றார்.

காலை ஏழு பத்துக்கு வெளிக்கிட்டோம். ஜிந்துப்பிட்டிச் சந்தியில் நிற்கும் நவாஸின் ஓட்டோ. வழக்கமான வழி புறக்கோட்டை, காலி வீதி. பத்தரைக் கிலோமீட்டர். அந்த வழியால் வரமாட்டேன் என்று புவனம் ஓட்டோவில் ஏறாமல் நின்றாள்.

"அந்தச் சாவடி வேணாம் எண்டா மருதானையால சுத்தித்தான் போவணும் அண்ணே. நாநூத்தம்பது தாங்க."

"வழக்கமா முந்நூறுதானேடா?"

"சுத்துறது நானா, நீங்களா? அக்காவக் கேளுங்க, அவ அறுநூறும் தருவா."

புவனம் அந்த நாலு நாளில் முதன்முதலாகச் சிரித்தாள். நான் நானூற்றைம்பதுக்குத் தலையாட்டினேன்.

மருதானை, பொரளை, திம்பிரிகஸ்யாய, ஹவ்லொக் வீதி. பதினாலு கிலோமீட்டர், ஒரு மணியும் கால் மணியும். வழியில் இரண்டு சாவடி. இரண்டிலும் அடையாள அட்டை மட்டும் பார்த்தார்கள். ஸ்பொஞ்சு அவள் மடியில், கைப்பைக்குள் கிடந்தது. ஒவ்வொரு தடவையும் பையின் வாயை அவளே அகலத் திறந்து பிடித்தாள்.

கிளினிக், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மருந்துக்கடைக்கு மேலே. இருபத்திரண்டு படி. பார்வைக் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு. நம்பர் ஆறு. ரயில் போகும்போதெல்லாம் நாங்கள் இருந்த வாங்கு லேசாக ஆடியது.

டொக்டர் எங்கள் ஆள்தான், யாழ்ப்பாணத்தார். அறுபது வயதிருக்கும். முதலில் அவளோடு கதைத்தார். பிறகு நர்ஸ் மிஸ்ஸியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டார். "அம்மா உங்களையும் பாக்கச் சொல்றா."

இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியும் அந்த இடத்தை நான் வெளிச்சத்தில் பார்த்ததில்லை. கைக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. விளக்கை அணைத்துவிட்டுத்தான் அவள் உடுப்பு மாற்றுவாள். அன்றைக்கு வெள்ளை லைட்டுக்குக் கீழே, ஊதா மையால் டொக்டர் சுற்றிவரக் கோடு கீறியிருந்தார். குளத்துக்கு வரம்பு கட்டினது மாதிரி. இவ்வளவையும் வைத்துக்கொண்டா இவள் ஊரையே தன்னைப் பார்க்க வைத்தாள்?

டொக்டர் அவளை நிற்க, இருக்க, குனியச் சொல்லிப் பார்த்தார். நாலு பக்கமும் படம் எடுத்தார். யார் யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள். "நானும் நீங்களும்தான் அம்மா" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலால் அந்த இடத்தை மெதுவாக அழுத்தினார்.

"ஆறேழு வயசில ஊசி போட்டுச் சீழ் பிடிச்சதோ?"

புவனம் திரும்பிப் பார்த்தாள். "நான் இன்னும் சொல்லேல்லையே!"

"காயம் பட்டதெண்டா விளிம்பு கிழிஞ்சிருக்கும். இது உள்ளுக்கிருந்து அமந்தது. தோல் கீழ தசையோட ஒட்டியிருக்கு."

நான் புறக்கோட்டையில் மூட்டை சுமந்தவன், நாட்டாமை என்பார்கள். சாக்கில் கை வைத்தால் அரிசியா, உடைசலா, நனைந்ததா என்று சொல்லுவேன். அதை ஒரு பெரிய வித்தை என்று நினைத்திருந்தேன். நாற்பது வருடத்துக்கு முந்தின ஊசியை இந்த மனிதன் விரலால் கண்டுபிடித்தார்.

மருந்தையும் காட்டினார். என் புறங்கையில் ஒரு சொட்டு விட்டார். கண்ணாடி மாதிரி, ஊடாக என் நரம்பு தெரிந்தது. முதலில் ஊசி முனையால் ஒட்டியிருக்கும் தோலை விடுவிக்க வேண்டும், பிறகு மூன்று தடவையாக நிரப்ப வேண்டும். முப்பது குப்பியாவது பிடிக்கும். விலையைக் கேட்டேன். சொன்னார். அந்தக் காசுக்குக் கொட்டாஞ்சேனையில் நவாஸின் ஓட்டோவைப் போல ஐந்து வாங்கலாம்.

ஆனால் புவனம் விலையில் நிற்கவில்லை.

"நிரப்பினா, சோதிக்கிற கைக்குத் தெரியாதோ டொக்டர்?"

"கண்ணுக்குத் தெரியாது. கைக்கு... முதல் மூண்டு மாசம் கட்டியாத் தட்டுப்படலாம்."

"கட்டி எண்டா அவையள் திரும்பவும் பயப்பிடுவினமே!"

"அது உண்மைதான்."

"எவ்வளவு காலம் நிக்கும்?"

"ஒண்டரை, ரெண்டு வருஷம். பிறகு தானாக் கரைஞ்சிடும்."

"முதல்ல எது கரையும் டொக்டர்? உங்கட மருந்தோ, இந்தச் சண்டையோ?"

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். "அதுக்கு என்னட்டை மருந்தில்லை அம்மா."

"அப்ப ஒண்டு செய்யுங்கோ. உள்ளுக்க ஒண்டும் இல்லை, இது வெறும் பள்ளம்தான் எண்டு எழுதித் தாங்கோ. சிங்களத்தில."

நான் அவளையே பார்த்தேன். பதினொரு வருடம் ஊருக்கு ஒளித்ததைக் கடதாசியில் எழுதி வீதியில் நீட்டப் போகிறாள். டொக்டர் சொல்லச் சொல்ல மிஸ்ஸி சிங்களத்தில் எழுதினார். டொக்டர் கையெழுத்து வைத்து, முத்திரை குத்தினார். கட்டணத்தைத் திருப்பித் தரப் பார்த்தார், நாங்கள் வாங்கவில்லை. வெளிக்கிடும்போது புவனம் பைக்குள்ளிருந்து ஸ்பொஞ்சை எடுத்து மிஸ்ஸியிடம் கொடுத்து, "இதைக் குப்பையில போட்டுவிடுங்கோ பிள்ளை" என்றாள்.

திரும்பும்போது அவள் ஓட்டோ வேண்டாம் என்றாள். காலி வீதியில் நூற்றொன்றாம் நம்பர் பஸ், ஆளுக்குப் பதினெட்டு ரூபாய். பதினொன்று நாற்பதுக்கு ஏறி, பன்னிரண்டு பத்துக்கு அதே சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்கள் வரிசையில் எனக்கு இரண்டு நிமிடம். அந்தப் பக்கம் போய் நின்று திரைக்கூட்டைப் பார்த்தேன். அவள் கையில் இருக்கும் கடதாசியில் என்ன எழுதியிருக்கிறதென்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அவளுக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். மிஸ்ஸி ஒரு சொல்லைப் பிழையாக எழுதியிருந்தால்? உள்ளே இருப்பது வெள்ளிக்கிழமை சத்தம் போட்ட அந்தப் பொலிஸ் பிள்ளையாக இருந்தால்? எங்கள் பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பதினொரு நிமிடம் நின்றேன்.

வெளியே வந்தவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அதே பிள்ளைதானாம். இவளைக் கண்டதும் சுவரோடு ஒட்டிப்போய் நின்றதாம். கடதாசியை இரண்டு தரம் வாசித்ததாம். பிறகு கிட்ட வந்து அந்தப் பள்ளத்தில் கையை வைத்து, "ரிதெனவாத அக்கே?" என்று கேட்டதாம். வலிக்கிறதா என்று. புவனம் இல்லையென்று தலையாட்டியிருக்கிறாள்.

"அண்டைக்கு நான் செத்தன் எண்டுதான் நெனச்சது அக்கே" என்று அரைத் தமிழில் சொல்லி, அந்தப் பிள்ளை இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறது.

"என்னப்பா, அவளுக்கு இருபத்தஞ்சு வயசும் இராது. நானும் சேந்து அழுதிட்டன்" என்றாள் புவனம்.

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போனாள். சேலையையே இடது பக்கம் ஒரு மடிப்புக் கூட்டி உடுத்தினாள். உள்ளே ஒன்றும் இல்லை, வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஏன் இது முதலே தோன்றவில்லை என்று முதலாளியம்மா தலையில் கை வைத்தாராம். எங்கள் பயணம் முடிந்து இருபத்தொரு மாதத்தில் சண்டையும் முடிந்தது. ஊசி போட்டிருந்தால் அந்த மருந்து கரையும் கணக்கும் அதுதான்.

போக இருப்பவர்களுக்குச் சில சொல்கிறேன். பதிவுள்ள டொக்டரிடம் மட்டும் போங்கள். சலூனிலும் வீட்டிலும் வைத்து ஊசி போடுபவர்களிடம் போகவே வேண்டாம், மருந்து இரத்தக் குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் சொன்னார். சிலிக்கோன் என்றால் எழும்பி வந்துவிடுங்கள். என்ன மருந்து, எத்தனை குப்பி, எவ்வளவு காலம் நிற்கும், பிழையாகப் போனால் யார் பார்ப்பது என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் கோபிக்கிறவரிடம் உடம்பைக் கொடுக்காதீர்கள். கதைத்துவிட்டு ஒன்றும் செய்யாமல் வருவதும் ஒரு வைத்தியம்தான். கூட ஒருவரைக் கூட்டிப்போங்கள். இப்போது சாவடி இல்லை, காலி வீதியால் நேரே போகலாம்.

டொக்டர் போய் ஒன்பது வருடம். முதலாளியம்மா கனடாவில் காலமானார். நவாஸைக் கொரோனா கொண்டுபோனது. புவனம் போன மாசியில் போனாள். அந்தக் கடதாசி மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, அவள் சேலைகளுக்கு நடுவில் இருந்தது. செத்தவீட்டுக்குக் குருநாகலிலிருந்து தொண்ணூற்று நாலு கிலோமீட்டர் பஸ்ஸில் தனியே வந்த ஒரு பெண், அதை வாங்கி எனக்குத் தமிழில் வாசித்துச் சொன்னாள். அந்தப் பள்ளத்தில் கை வைத்தவர்களில் என்னைத் தவிர இன்று உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான். பெயர் குசுமா.