செட்டில் ஆன குடும்பம்

படிப்புக் கடனைக் கட்டுவது ஒரு முழுநேர வேலை. இதில் சம்பளத்தை மட்டும் நாம்தான் கொடுக்க வேண்டும். விடுப்பு கிடையாது, பதவி உயர்வு கிடையாது, ராஜினாமா செய்தால் வீட்டுக்கே ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். இதைப் படிக்கும்போதே செல்போன் அடித்து, தெரியாத நம்பரா என்று எட்டிப் பார்த்தீர்களானால் நீங்களும் நம் ஆள்தான். உட்காருங்கள், பேசுவோம்.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன பீங்கான் கம்பெனி. ஊறுகாய் ஜாடி, டீ கப், கொலு பொம்மை எல்லாம் செய்கிறோம். நான் விற்பனைக் கவுன்ட்டரில் உட்கார்ந்து பில் போடுகிறேன். கடன் வாங்கி மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்ததில் இன்றைக்குப் பயன்படுவது, பில் மெஷினில் பேப்பர் சிக்கினால் பதறாமல் எடுக்கத் தெரிவது ஒன்றுதான்.

அவங்க வெளில போயிருக்காங்க

தவணை நின்றுபோன காலத்தில், வங்கிக்காக வசூல் செய்யும் ஆபீஸிலிருந்து ஒரு பெண் தினமும் போன் செய்வாள். "கௌசல்யா மேடம் இருக்காங்களா?" என்பாள். நான் குரலைத் தடிமனாக்கிக்கொண்டு, "அவங்க வெளில போயிருக்காங்க" என்பேன். பக்கத்தில் கப்புகளுக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டிருக்கும் செல்வி அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து உள்ளே போய்விடுவார்.

போகப் போக அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் ஒரு பழக்கமே ஏற்பட்டுவிட்டது. வெளியில் போன கௌசல்யா சாப்பிட்டாளா, உடம்புக்குச் சரியாகிவிட்டதா என்றெல்லாம் விசாரிப்பாள். ஒருநாள் எனக்கே தாங்காமல், "அவங்கதான் இல்லன்னு தெரியுதுல்ல, அப்புறம் எதுக்கும்மா தெனமும் கூப்புடுற?" என்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "நீங்கதான் அவங்கன்னு மொத நாளே தெரியும்க்கா. எனக்கும் படிப்பு லோன் இருக்குது, அதைக் கட்டத்தான் இந்த வேலைக்கே வந்தேன். எனக்கு போன் வந்தா நானும் வெளிலதான் போயிருப்பேன்."

லட்டு

அப்புறம் வங்கியில் கடன் தீர்வு முகாம் போட்டார்கள். பாக்கியில் ஒரு பகுதியை ஒரேயடியாகக் கட்டிவிட்டால் மீதியைத் தள்ளுபடி செய்வார்களாம். என் கடனில் கூட்டுக் கையெழுத்துப் போட்டவர் அப்பா. குட்டியானை ஓட்டுகிறார், எங்கள் கம்பெனிச் சரக்கையே சேத்தியாத்தோப்பு, திட்டக்குடி கடைகளில் கொண்டுபோய் இறக்குவார். அவர் கறவை மாடுகளை விற்று, நடுவிலேயே சீட்டை எடுத்து, அந்தப் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டினார். கொடுத்த காகிதத்தில் 'செட்டில்டு' என்று போட்டிருந்தது.

அந்தச் சொல்லுக்கு நம் பக்கத்தில் இருக்கும் மரியாதையை நான் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாடு போனால் செட்டில், கல்யாணம் ஆனால் செட்டில், மாடி எடுத்துக் கட்டினால் செட்டில். அப்பா லட்டு வாங்கிவந்து தெரு முழுக்கக் கொடுத்தார். பக்கத்து வீட்டு மீனாட்சி அத்தை ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். "எம் பையனும்தான் இருக்கான், தலையெல்லாம் நரைக்குது, இன்னும் ஒரு எடத்துல செட்டில் ஆவல. உங்க பொண்ணு லோன்லயே செட்டில் ஆயிட்டுது."

நல்ல சொல், கெட்ட சொல்

என் தங்கை நந்தினிக்கு நர்சிங் சீட் கிடைத்தது. முதல் வருடக் கட்டணத்துக்கு அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. இரண்டாம் வருடத்துக்கு அனுப்ப வீட்டில் தங்கம் என்று எதுவும் இல்லை. அடுத்த தீபாவளிக்குள் வங்கிக் கடன் வந்தால் அவள் நர்ஸ். வராவிட்டால் செல்வி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வைக்கோல் சுற்ற வேண்டியதுதான். முன்கூட்டியே கேட்டு வைப்போம் என்று நானும் அப்பாவும் அதே வங்கிக்குப் போனோம்.

கடன் பிரிவு அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அப்பா, பொண்ணு, ரெண்டு பேர் பேர்லயும் செட்டில்டுன்னு காட்டுதே" என்றார். "ஆமாங்க சார்" என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த அதிகாரி நல்ல மனுஷர். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டு மெதுவாக விளக்கினார். 'செட்டில்டு' என்றால் முழுசாகத் தராமல் பாதியில் கைகழுவியவர்கள் என்று அர்த்தம். அது இருக்கிற வரைக்கும், கடனை ஒழுங்காகக் கட்டுவதற்குப் போடும் மார்க்கான ஸ்கோர் ஏறாது, யாரும் கடன் தரமாட்டார்கள். முழுசாகக் கட்டினால்தான் 'க்ளோஸ்டு' என்று வரும். அதுதான் நல்ல சொல்.

எனக்கு அந்த லட்டு ஞாபகம் வந்து, அங்கேயே அழுகை முட்டியது. ஊரெல்லாம் கூப்பிட்டு இனிப்புக் கொடுத்து, நாங்கள் நாணயம் கெட்டதைச் சொல்லியிருக்கிறோம். அப்பா வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போட்டுவிட்டுச் சொன்னார்: "செட்டில் ஆனவன் கெட்டவனாம், க்ளோஸ் ஆனவன் நல்லவனாம். இத்தினி வருசமா தப்பாவே நெனச்சிக்கினு இருந்திருக்கேன், கௌசி."

ஸ்கோர் ஏற்றித் தரப்படும்

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. பலகையில் லேமினேஷன், பான் கார்டு, ரயில் டிக்கெட் எல்லாவற்றுக்கும் கீழே, 'குறைந்த ஸ்கோர் ஏற்றித் தரப்படும்' என்று சிவப்பு எழுத்து. முங்குகிறவளுக்கு எந்தக் கட்டையும் படகுதானே, போனேன். கடைக்காரர் என் கடன் ரிப்போர்ட்டை வாங்கி, ஸ்கேன் படம் பார்க்கும் டாக்டர் மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உச்சுக் கொட்டினார். மேலிடத்தில் ஆள் இருப்பதாகவும், அந்தச் சொல்லை இருந்த இடம் தெரியாமல் எடுத்துவிடலாம் என்றும் சொல்லி ஒரு தொகை கேட்டார். என் ரெண்டு மாதச் சம்பளம்.

அப்படி யாராலும் எடுக்க முடியாது என்று பிறகு வங்கி அதிகாரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது அறிவு அல்ல, வறுமைதான். "மொத்தமா இல்லைங்க, மாசா மாசம் தவணையா தரட்டுங்களா?" என்று கேட்டேன். அவர் ரிப்போர்ட்டை மடித்து என் கையில் கொடுத்தார். "இந்த ஸ்கோருக்குத் தவணையெல்லாம் தர முடியாதுங்க."

பட்டன் இல்லை

சரி, தள்ளுபடி செய்த மீதியையும் கட்டித் தொலைத்துவிடுவது என்று முடிவு செய்தோம். முதலாளியிடம் பேசினேன். சூளையில் லேசாகப் பிசகி வரும் சரக்கை நாங்கள் 'செகண்ட்ஸ்' என்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கடை திறந்து அதை விற்றால், வருவதில் பாதி எனக்கு என்று ஒத்துக்கொண்டார். அப்பா ராத்திரி லோடும் எடுக்க ஆரம்பித்தார். கொஞ்சம் சேர்ந்ததும் வங்கிக்குப் போய், "தள்ளுபடி பண்ண பணத்தைக் கட்ட வந்திருக்கேன் சார்" என்றேன்.

அதிகாரி மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு அவரையும் கேட்கச் சொன்னார். இருவரும் கம்ப்யூட்டரில் ஏதேதோ தட்டிப் பார்த்தார்கள். கடன் வாங்காமலே கட்ட வந்தவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள். கடைசியில் அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "வுட்ட பணத்தைக் கட்ட வந்த மொத ஆளு நீங்கதாம்மா. அதை வாங்கறதுக்கு எங்க சிஸ்டத்துல பட்டனே இல்ல."

நல்லவளாக ஒரு வழி

அதோடு விடாமல் அவர் ஒரு யோசனையும் சொன்னார். ஒரு சின்னத் தொகையை வங்கியில் டெபாசிட் போட்டால், அதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு தருவார்கள். அதில் கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டி வந்தால் ஸ்கோர் ஏறும். இதைச் செல்வி அக்காவிடம் சொன்னேன். மகளிர் குழுக் கடனில் ஒரு வாரம்கூடத் தவறாதவர். வைக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நம்ம காச அவங்ககிட்ட குடுத்துட்டு, அதையே அவங்ககிட்ட கடனா வாங்கி, வட்டி போடறதுக்கு முன்ன திருப்பிக் குடுத்தா நம்ம நல்லவங்களா? இதுக்கு எதுக்கு கௌசி இன்ஜினியரிங் படிச்ச?"

செகண்ட்ஸ்

ஆவணி பிறந்ததும் கொலு பொம்மை விற்பனை சூடுபிடித்தது. ஒரு ஞாயிறு காலை, அந்த அதிகாரியே மனைவியோடு வந்து நின்றார். வீட்டில் பனியனோடு இருக்கும் ஆளைப் பார்த்தது போல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அந்த அம்மா ஒரு கல்யாண செட் பொம்மையை எடுத்தார்கள். நாதஸ்வரக்காரருக்கு மட்டும் கன்னத்தில் மெருகு ஏறவில்லை. நான் ஏற்கெனவே செகண்ட்ஸ் விலைதான் சொன்னேன். அதிகாரி பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வழக்கமாகப் பேரம் பேசுகிறவர் குரலில், "பாதி தரேன், மீதிய வுட்ருங்க. செட்டில் பண்ணிக்கலாம்" என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியவில்லை. "வேணாம் சார். செட்டில்னு போட்டா உங்க பேரு கெட்டுப்போயிடும். முழுசா குடுத்து க்ளோஸ் பண்ணிடுங்க" என்றேன். உள்ளே செல்வி அக்கா எதையோ கீழே போட்ட சத்தம் கேட்டது. அந்த அம்மா ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அதிகாரி முழுப் பணத்தையும் எண்ணி வைத்தார். பொம்மைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி நின்றார். "நாளைக்கு வாங்கம்மா. அந்தப் பட்டன் எங்க இருக்குதுன்னு தேடிப் பாக்குறேன்."

மாலை

பட்டன் தலைமை அலுவலகத்தில் இருந்ததாம். அவர் கடிதம் எழுதி, அவர்கள் பதில் எழுதி, புரட்டாசியில் மீதி மொத்தத்தையும் கட்டி முடித்தேன். அப்புறம் தினமும் செல்போனில் ரிப்போர்ட்டைத் திறந்து பார்ப்பேன். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. காலேஜில் நந்தினியைக் கூப்பிட்டு இரண்டு தரம் கேட்டுவிட்டார்கள். ஒரு மதியம் பார்த்தால் 'செட்டில்டு' இருந்த இடத்தில் 'க்ளோஸ்டு'. கவுன்ட்டரிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் திட்டக்குடியில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். அவரும் அழுதுவிட்டார்.

அவர் உடனே அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். அம்மா ரேஷன் கடையில் இருந்ததால் எடுக்கவில்லை. மீனாட்சி அத்தைக்குப் போட்டிருக்கிறார். அரைகுறை சிக்னல், அழுகைக் குரல். "கௌசி க்ளோஸ் ஆயிட்டுது, வூட்ல சொல்லிடுங்க" என்பது மட்டும் அத்தை காதில் விழுந்திருக்கிறது. சாயங்காலம் நான் ஸ்கூட்டியில் வந்து இறங்கினால் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், தெருப் பெண்கள், நடுவில் என்ன நடக்கிறதென்று புரியாமல் ரேஷன் பையோடு அம்மா. அத்தை என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஆத்திரமாகச் சொன்னார்: "அடிப்பாவி, மாலைக்குச் சொல்லி அனுப்பிட்டேனே."

கையெழுத்து

பூக்காரர் மாலையைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டதால் அதை அப்பாவின் குட்டியானைக்குப் போட்டோம். மறுவாரம் அந்த வண்டியிலேயே அப்பா, நான், நந்தினி மூவரும் வங்கிக்குப் போனோம். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, சம்பளம் வாங்குகிற ஒருவரும் சேர வேண்டும் என்றார் அதிகாரி. நந்தினியின் கடனுக்கு நான் கூட்டுக் கையெழுத்துப் போட்டேன். போடும் முன், தவணை நின்றால் என்ன ஆகும் என்ற பக்கத்தை இரண்டு தரம் படித்தேன். நந்தினி அதைப் பார்த்துவிட்டாள். வெளியே வந்ததும் என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "பயப்படாத அக்கா, எனக்கு போன் வந்தா நானே எடுத்துப் பேசுவேன்."

ஆக, ஒரு கடனை ஒழுங்காக மூடியதற்கு எனக்குக் கிடைத்த பரிசு இன்னொரு கடனைத் திறக்கும் தகுதிதான். ஆனால் இந்தத் தடவை எந்தச் சொல்லுக்கு லட்டு வாங்க வேண்டும் என்று எங்கள் தெருவுக்கே தெரியும்.