இரண்டாவது புடவை

அந்த நிகழ்ச்சியை நான் கடிகாரம் வைத்துக்கொண்டுதான் பார்ப்பேன். வெளிநாட்டு நிகழ்ச்சி. ஒவ்வொரு வாரமும் பிரபலமான ஒருவர் தன் முன்னோர் யார் என்று தேடிப் புறப்படுவார். பழைய கட்டடம் ஒன்றுக்குள் நுழைவார். அங்கே ஒரு பெண்மணி வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, பெரிய பதிவேட்டைத் திறந்து வைத்துக் காத்திருப்பார். பக்கத்தைத் தேடுகிற வேலையே கிடையாது. விரல் படுகிற இடத்தில் கொள்ளுத்தாத்தா இருப்பார். கேள்வியிலிருந்து பதிலுக்குச் சராசரியாக நான்கு நிமிடம். நான் பார்த்த பதினேழு பகுதிகளில் பதினான்கில் அழுதார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்து வரச் சொல்லி ஒருவரைக்கூட யாரும் திருப்பி அனுப்பவில்லை.

ஹைதராபாத் சனத்நகரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பத்தாறு வருடம் இருந்தவன் நான். அலமாரியில் கிடக்கும் போல்ட்டும் பேரேட்டில் எழுதிய போல்ட்டும் ஒத்துப்போகின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது என் வேலை. ஓய்வு பெற்றுப் பதினேழு வருடம் ஆகிறது. இன்னும் படி ஏறினால் படியை எண்ணுகிறேன்.

சனிக்கிழமைதோறும் போவன்பள்ளியில் அக்கா வீட்டுக்குப் போவேன். அக்காவுக்கு எண்பத்தொன்று, எனக்கு எழுபத்தைந்து. அவள் மகன் வீட்டில் டிவி பெரியது. இருவரும் அந்த நிகழ்ச்சியைப் பார்ப்போம். ஒரு சனிக்கிழமை, அழுகிற கட்டம் வருவதற்கு முன்பே அக்கா டிவியின் சத்தத்தை நிறுத்திவிட்டாள்.

"டேய், இதெல்லாம் நம்ம ஊர்லயும் கண்டுபிடிக்க முடியுமா?"

"யாரக் கண்டுபிடிக்கணும்?"

"எங்கம்மாவ."

எனக்குப் பகீரென்றது. இந்த வயதில் நினைவு தவறுவது எப்படித் தொடங்கும் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். அம்மா இறந்து இருபது வருடம் ஆகிவிட்டது என்று மெதுவாகச் சொன்னேன்.

"அது தெரியாதா எனக்கு? நான் அவங்களச் சொல்லல. என்னப் பெத்தவளச் சொல்றேன்."

போன மாதம் ஒரு கல்யாணத்தில் அப்பாவின் பங்காளி ஒருவரைப் பார்த்தாளாம். தொண்ணூறு தாண்டியவர். இவள் நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, "உங்கம்மாவே எழுந்து வர்ற மாதிரி இருக்குது" என்றாராம். பக்கத்தில் இருந்த அவர் மருமகள் அவசரமாக அவரைச் சாப்பிட அழைத்துக்கொண்டு போய்விட்டாள். கல்யாணம் முடிந்த பதினெட்டாம் நாள் அவர் இறந்துபோனார். இனி கேட்க ஆளில்லை.

"அம்மா எவ்ளோ உயரம்டா?"

"நாலடி பதினோரு அங்குலம்."

"நானு?"

"அஞ்சடி ஆறு. இப்ப கொஞ்சம் குறைஞ்சிருக்கும்."

"அவங்க மாதிரி நான் நடந்தேன்னா, நான் பாதி உடம்பத் தரைக்குள்ள விட்டுக்கினு நடந்திருக்கணும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ரிமோட்டைக் கீழே வைத்தாள். "சாகறதுக்குள்ள தெரிஞ்சிக்கணும்டா. யாருன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். அக்காவுக்கும் அம்மாவுக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அந்தக் காலத்தில் அது நடக்காத காரியம் இல்லை என்பதால் யாரும் யோசிக்கவில்லை. அக்காவுக்கும் எனக்கும் ஆறு வருட இடைவெளி. எனக்கும் அடுத்த தம்பிக்கும் இரண்டு, அவனுக்கும் கடைசித் தம்பிக்கும் இரண்டு. எழுபத்தைந்து வருடம் எண்ணிக்கொண்டே இருந்தவன் இந்த ஆறை எண்ணாமல் விட்டிருக்கிறேன். அப்பாவுக்கு முதல் தாரம் ஒன்று இருந்திருந்தால், அக்கா எனக்கு அரை அக்கா ஆகிவிடுவாள். அன்று இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட முடியவில்லை. மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன்.

பழைய பிறப்புப் பதிவேடுகள் இருக்கும் அலுவலகத்துக்குப் போனேன். மனைவியிடம் பென்ஷன் வேலை என்று சொல்லியிருந்தேன். முடிவு தெரியாத ஒன்றைச் சொல்லிக் கலவரப்படுத்துவானேன்? அங்கே இருந்த குமாஸ்தா நல்ல பெண்தான். கையுறை மட்டும் இல்லை, மூக்கில் துப்பட்டாவைக் கட்டியிருந்தாள்.

"இன்டி பேரு செப்பண்டி சார்."

வீட்டுப் பெயரைக் கேட்டாள். தெலுங்குக்காரர்களுக்கு அது உண்டு. தலைமுறை தலைமுறையாக அதே பெயர் முன்னால் நிற்கும். டிவியில் வருகிறவர்களுக்கும் அப்படித்தான், குடும்பப் பெயர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஐந்நூறு வருடம் பின்னால் போய்விடுகிறார்கள். நமக்கு இருப்பது ஒரு எழுத்து. அதுவும் ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறிவிடும். இதைத் தெலுங்கில் விளக்கிச் சொன்னேன்.

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "இன்டி பேரு லேகுண்டா எலா சார்? மீகு இல்லு லேதா?" என்றாள். வீட்டுப் பெயர் இல்லாமல் எப்படி, உங்களுக்கு வீடே இல்லையா என்று கேலி. பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார்.

பதிவேட்டின் பெயர்ப் பட்டியலில் அப்பா பெயரின் எழுத்தில் தேடினோம், தாத்தா பெயரின் எழுத்தில் தேடினோம். ஆறு தடவை போனதில் மூன்று தடவை பதிவேடு இருக்கும் அறையின் சாவி இல்லை. ஏழாவது தடவை பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. தாத்தா கையெழுத்துப் போடும்போது பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரை முழுசாக எழுதுவார். ஆற்காடு பக்கத்திலிருந்து வந்த எங்கள் ஆட்கள் எல்லோருமே அப்படித்தான். அதைப் பார்த்த எழுத்தர் ஊரை வீட்டுப் பெயர் என்று எடுத்துக்கொண்டிருப்பார். ஊரின் எழுத்தில் பார்க்கச் சொன்னேன். இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே குடும்பம் போல அங்கே வரிசையாக இருந்தார்கள். ஒருவருக்கொருவர் சொந்தமே இல்லாத பதினொரு வீடுகள்.

எட்டாவது தடவை மூலப் பதிவேடு வந்தது. அக்காவின் பிறந்த தேதி சரியாக இருந்தது. பெண் குழந்தை. தகப்பன் பெயர், ராணுவ டிப்போவில் குமாஸ்தா வேலை, தகவல் சொன்னவர் தாத்தா. மொத்தம் பதினொரு கட்டங்கள். அம்மை குத்தியதற்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. தாய்க்குக் கட்டமே இல்லை. ஒன்பதாவது தடவை, வேறு பதிவேடு ஏதாவது உண்டா என்று கேட்கப் போனேன். இல்லை என்றாள். டீ வாங்கிக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்தேன். எதிரே மனைவி துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முதல் தாரம் என்று ஒருத்தி இருந்தால் அவள் இளவயதில் போயிருக்க வேண்டும். பூவும் பொட்டுமாகப் போனவர்களுக்கு எங்கள் வீட்டில் ஒரு படையல் உண்டு. பூவாடைக்காரி என்போம். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முன்னால், மஞ்சள் தண்ணீரில் நனைத்த புதுப் புடவையை வைத்து, இலை போட்டு, கதவைச் சாத்திக்கொள்வார்கள். உள்ளே வீட்டுக்கு வந்த மருமகள்கள் மட்டும்தான். கட்டிக்கொடுத்த பெண்கள் வேறு வீட்டுக்காரிகள், வெளியே நிற்க வேண்டும். ஆண்களுக்குப் புடவை வாங்கி வருவதோடு வேலை முடிந்தது.

அப்படிப் போனவர்களைப் பட்டியல் போட்டேன். எனக்குத் தெரிந்து ஒருத்திதான், தாத்தாவின் தாய். பிறகு நான் வாங்கிய புடவைகளை எழுதினேன். கடைசித் தம்பி கல்யாணத்துக்கு ஒரு சிவப்பு, ஒரு பச்சை. மகள் கல்யாணத்துக்கு ஒரு சிவப்பு, ஒரு பச்சை. மகன் கல்யாணத்துக்கும் அதே. பேரேட்டில் ஒன்று, கையிருப்பில் இரண்டு. ஸ்டோர்ஸில் இப்படி வந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போக முடியாது.

"படையலுக்கு ஏன் ரெண்டு புடவை?" என்றேன்.

"ரெண்டு இலை. அதான் ரெண்டு புடவை."

"ரெண்டாவது இலை யாருக்கு?"

பருப்பில் இருந்த அவள் கை நின்றது. "எதுக்குக் கேக்கறீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கேட்டதை, அலுவலகத்தை, கட்டம் இல்லாததை.

"ஒன்பது தடவையா? பென்ஷன் ஆபீசுன்னு சொன்னீங்களே! ரெண்டு நாள் மோர்சாதம் கட்டிக் குடுத்தேனே!"

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். நம்ம பொண்ணு கல்யாணத்தப்ப, படையல என் கையில குடுக்கறப்ப அத்தை சொன்னாங்க. இருபத்து மூணு வருஷம் ஆச்சு."

"சொல்லு."

"உங்ககிட்ட சொல்லக் கூடாது."

"நான் இந்த வீட்டுப் பையன்!"

"அதனாலதான். அண்ணியே அவங்க வாயால கேட்டாத்தான் சொல்லணும், அதுக்கு முன்னாடி யாருக்கும் கூடாதுன்னு அத்தை சத்தியம் வாங்கிட்டாங்க. நீங்க கேட்டா செல்லாது." மறுபடி பருப்பைக் கிளற ஆரம்பித்தாள். நான் எவ்வளவோ மன்றாடினேன். "நாளைக்கு ஆட்டோ சொல்லுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போனோம். காய்கறி மார்க்கெட் லாரிகள் திரும்புகிற நேரம், வழியில் இருபத்தைந்து நிமிடம் நின்றோம். ஆட்டோவில் நான் என்னென்னவோ யோசித்தேன். அப்பா எங்கேயோ ஒரு பெண்ணைக் கைவிட்டிருப்பாரோ, அக்கா தத்துப் பிள்ளையோ. மனைவி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

அக்கா தயாராக இருந்தாள். போனில் நான் பாதி சொல்லியிருந்தேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

"இன்னாம்மா, உனக்குத் தெரியுமாமே? இந்த லூசு ஊரெல்லாம் சுத்திட்டு வந்தான்."

"நீங்க கேளுங்க அண்ணி."

"கேட்டுக்கினுதானே கீறேன்."

"முழுசாக் கேளுங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "என்னப் பெத்தவ யாரு?"

மனைவி சொன்னாள். நிறுத்தி நிறுத்தி, பத்திரமாக வைக்கக் கொடுத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பதுபோலச் சொன்னாள். அம்மாவுக்கு ஐந்து வயது மூத்த அக்கா ஒருத்தி இருந்தாள். அவளைத்தான் அப்பா முதலில் கட்டினார். நல்ல உயரம். என் அக்கா பிறந்த பதினோராம் மாதம் அவள் காய்ச்சலில் போய்விட்டாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து தங்கையை அனுப்பினார்கள். மறு வருடம் அவளையே அப்பாவுக்குக் கட்டி வைத்தார்கள். குழந்தைக்குப் பேச்சு வந்தபோது எதிரே இருந்தவளை அம்மா என்றது. வேண்டாம், சித்தி என்று கூப்பிடப் பழக்கு என்று பெரியவர்கள் சொன்னதற்கு, அந்தப் பதினாறு வயதுப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. பெயரையும் மனைவி சொன்னாள். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் அதுவரை நான் கேட்டதே இல்லை.

"'பெத்தவ வேறன்னா அவ என்னப் பாக்குற பார்வை மாறிடும். அவளா கேட்டா மட்டும் மறைக்காத, அது எங்கக்காவுக்குச் செய்யற துரோகம்'னு அத்தை சொன்னாங்க, அண்ணி. நீங்க கேக்கவே இல்ல."

அக்கா அழவில்லை. "போறப்ப அவளுக்கு எத்தினி வயசு?" என்று என்னைக் கேட்டாள். கணக்கு என்றால் என்னைத்தான் கேட்பாள்.

"நீ பொறக்கறப்ப பதினாலும் அஞ்சும் பத்தொம்பது. பதினோரு மாசம் சேத்தா இருபதுக்குக் கிட்ட."

"எம் பேத்தி இருபத்தாறு. இன்னும் சாக்ஸ் எங்கன்னு அவங்கம்மாவக் கேக்குது" என்றாள்.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. அப்பா ஒருவரே. அம்மாக்கள் இருவரும் அக்கா தங்கை. அப்படியானால் பாதி என்று வராது. "அக்கா, நீ எனக்கு அரை இல்ல, முக்கால்" என்றேன். பல நாளாக நெஞ்சில் கிடந்தது, வேகமாக வந்துவிட்டது.

"ஓ, இத்தினி நாளா என்ன அரைன்னு வெச்சிருந்தியா?"

"இல்லக்கா, ஒரு சந்தேகம்..."

"நக்கோ, ஒண்ணும் வேணாம். உன் கணக்கக் கொண்டுபோய் அடுப்புல போடு." என்னைப் பார்க்காமல் மனைவி பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "அந்தப் பச்சைப் புடவை... படையல் முடிஞ்சதும் அம்மா எனக்குத் தருவாங்களே?"

"அது உங்களுக்குத்தான் சேரணும்னு சொன்னாங்க. அவங்க போனப்புறம் நானும் உங்களுக்குத்தானே குடுத்தேன்."

"வேண்டாத கலருன்னு எனக்குத் தள்ளறாங்கன்னு நெனச்சேன்டி." அக்கா எழுந்து பீரோவைத் திறந்தாள். இரண்டு புடவை இருந்தது. மூன்றாவதைத் தேடினாள். மடித்து வைத்ததையெல்லாம் கட்டிலில் எடுத்துப் போட்டாள். நானும் தேடினேன். முப்பத்தெட்டுப் புடவை எண்ணினேன், அதில் இல்லை. பிறகு அவளுக்கே நினைவு வந்தது. தம்பி கல்யாணப் புடவை. பாத்திரக்காரனிடம் போட்டு ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கியிருந்தாள். "டப்பா இருக்குது" என்றாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மனைவி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் புடவைகளைத் திரும்ப மடிக்கத் தொடங்கினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா கேள்விகளை ஆரம்பித்தாள். அவள் படித்தவளா, பாடுவாளா, தலைமுடி எப்படி, ஹைதராபாத் பிடித்திருந்ததா. பதினான்கு கேள்வி. மனைவிக்கு மூன்றுக்குத்தான் பதில் தெரிந்தது.

"ரெண்டாவது இலையில இன்னா வெப்பீங்க?"

"எல்லாம் ஒண்ணுதான் அண்ணி. அதுல மட்டும் புளிச்சக்கீரை உண்டு. இந்த ஊருக்கு வந்து மொதல்ல அதத் தின்னுட்டு, தினம் அதுதான் வேணும்னு கேப்பாங்களாம்."

அக்கா முகத்தைச் சுளித்தாள். "புளிச்சக்கீரையா? எனக்கு அது வாயிலயே வெக்க முடியாதே." சற்று யோசித்தாள். "தாளிச்சு வெப்பியா, கடைஞ்சா?"

"கடைஞ்சு. காரம் தூக்கலா."

"டேய், மார்க்கெட் பக்கத்துலதான் கீது. ரெண்டு கட்டு வாங்கிக்கினு வா" என்றாள்.