எங்கள் தெருவின் நல்லதண்ணீர்க் கிணறு

எங்கள் தெருக் கிணற்றை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நாகூருக்குப் பக்கத்தில், கடலுக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் தெரு. எங்கே தோண்டினாலும் உப்புதான். அந்த ஒரு கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். சுனாமியன்று கடல் அதற்குள்ளும் புகுந்தது. அதன்பிறகு யாரும் இறைக்கவில்லை, குப்பையைத்தான் கொட்டினோம். குடிக்கக் கேன் தண்ணீர், வெயில் காலத்தில் லாரித் தண்ணீர். லாரி வராத நாளில் குடத்தோடு தெருவே சண்டை போடும்.

இப்போது ரோட்டை அகலப்படுத்த வேண்டுமாம். ஊராட்சித் தலைவர் வந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் என்னிடம் வரலாறு படித்தவர். படித்தார் என்று சொல்வது என் பெருந்தன்மை.

"பாழுங்கிணறு டீச்சர். யாராவது விழுந்து தொலைச்சா யாரு பதில் சொல்றது? திங்கக்கிழமை ஜேசிபி வருது."

"தண்ணி நல்லா இருந்தா?"

"இருந்தா ரோட்டை வளைச்சுப் போடச் சொல்றேன். எங்க இருக்கப் போவுது!"

"சொன்ன வார்த்தையை மறந்துடாதீங்க" என்றேன்.

வீட்டில் கணவர் சிரித்தார். "ரிட்டயர் ஆகியும் உனக்கு அடங்கலையே! கிணத்துக்கும் பாடம் எடுக்கப் போறியா?"

"நீங்க வந்து கயிறு பிடிங்க, போதும்." முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் தூர் வார ஆரம்பித்தோம். எதிர்வீட்டுக்காரர் வயலுக்கு இறைக்கும் டீசல் இன்ஜினைக் கொண்டுவந்தார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அவரே உள்ளே இறங்கினார். பெண்கள் நாங்கள் வரிசையாக நின்று சேற்று வாளியை இழுத்தோம். நாற்றம் குடலைப் பிடுங்கியது.

தண்ணீர் வற்ற வற்றச் சுவர் தெரிந்தது. "டீச்சர், செங்கல் மாறுதுங்க!" என்று உள்ளிருந்து கத்தினார். எட்டிப் பார்த்தேன். மேலே பாதி இடிந்த சிமென்ட் சுவர், நம் ஊராட்சியின் வேலை. அதற்குக் கீழே பெரிய செங்கல், வெள்ளைக்காரன் காலத்தது. அப்புறம் மெலிசாகச் சின்னச் சின்னச் செங்கல், டச்சுக்காரர்கள் வைத்ததாக இருக்கும். அதற்கும் கீழே சுண்ணாம்புக் காரை. மராத்தியரோ நாயக்கரோ, சத்தியம் செய்ய மாட்டேன். போர்ச்சுக்கீசியர் ஒரு கல்கூட வைத்த மாதிரி தெரியவில்லை, குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். அடியில் சுட்ட மண் உறைகள், ஒன்றின்மேல் ஒன்றாக. அது எந்த ராஜா காலமோ, யார் கண்டது?

இந்தக் கரையை யார் யார் ஆண்டார்கள் என்று வருஷா வருஷம் பிள்ளைகளை ஒப்பிக்க வைத்தவள் நான். கையில் சேற்று வாளியோடு நின்றபோதுதான் ஒன்று புரிந்தது. வந்தவர்கள் எல்லோரும் மேலே மேலே சுவரைத்தான் உயர்த்தியிருக்கிறார்கள். இறங்கித் தோண்டியதும் தூர் வாரியதும் எங்களைப் போன்ற தெருக்காரர்களாகத்தான் இருக்கும். எந்தக் கொடி பறந்தால் என்ன, சேறு எங்கள் பங்கு.

ஊறி வந்த முதல் தண்ணீர் கரித்தது. எதிர்வீட்டுக்காரரின் மனைவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "விட்டுடுங்க டீச்சர். கடல் புகுந்த கிணறு, அவ்வளவுதான்."

"எழுந்திரும்மா. இன்னொரு தரம் இறைப்போம்."

ஞாயிறு முழுக்க இறைத்தோம். உள்ளங்கை கொப்புளித்தது. சாயங்காலமும் லேசான கரிப்பு இருந்தது. எனக்கே சந்தேகம் வந்தது, ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஊறியதைக் கடைசியாக ஒரு முறை இறைத்துவிட்டுப் படுக்கப் போனோம்.

திங்கள் காலை ஜேசிபியோடு தலைவர் வந்தார். புதிதாக ஊறியிருந்த தண்ணீரை அதுவரை யாரும் வாயில் வைக்கவில்லை. பயம்தான். நானே ஒரு சொம்பு மொண்டு அவர் கையில் கொடுத்தேன். தெருவே அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அண்ணாந்து குடித்தார். காலிச் சொம்பை என்னிடமே நீட்டினார்.

"இன்னொரு சொம்பு குடுங்க டீச்சர்."

ஜேசிபி திரும்பிப் போனது. தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றி வந்தார். "இடிஞ்ச மேல்சுவரை நான் கட்டித் தரேன். முன்னாடி ஒரு கல்லு பதிச்சிடலாம், தலைவருன்னு நம்ம பேரு போட்டு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "தாராளமா போடுங்க தலைவரே. உங்களுக்கு மேலயும் ஒருத்தர் வந்து கட்டுவாரு. அடுத்த தடவை சேறு அள்ளுறப்ப மட்டும் நீங்களும் இறங்குங்க" என்று சொல்லிவிட்டு, என் குடத்தை எடுத்துவரப் போனேன்.