முத்துப்பேச்சி வீட்டு மொட்டை மாடி

வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு முத்துப்பேச்சியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லை போலிருக்கிறது. "அவளோடு படித்தவன் நீ, அவள் செய்யும் வைஃபை வேலையைத்தான் நீயும் செய்கிறாய், நீ எழுதினால்தான் சரியாக வரும்" என்றார் செயலாளர். விவரம் தெரியாமல் கேட்டாரா, தெரிந்தே குறும்பு செய்தாரா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. எழுதித் தருகிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள்மேல் பொறாமை உண்டு. பத்தாம் வகுப்பில் அறிவியலில் என்னைவிட இரண்டு மதிப்பெண் கூட வாங்கினாளே, அன்றிலிருந்து உண்டு.

முத்துப்பேச்சி உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டில், பிறந்தவள். அம்மா ஏலக்காய் எடுக்கப் போவார். பள்ளிக்கூடம் விட்டால் இவளும் கூடையைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு ஏலக்காட்டுக்குள் போய்விடுவாள். நான் கடைக்காரன் மகன். மழைக்காலத்தில் அட்டைக்குப் பயந்து ஏலக்காட்டுப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. இந்த வித்தியாசத்தை அப்போது பெருமையாக நினைத்திருந்தேன். அவள் கட்டப்பனையில் ஐ.டி.ஐ. முடித்தாள், தேனியில் ஒரு இன்டர்நெட் கம்பெனியில் ஆறு வருஷம் ஏணி ஏறினாள், ஜீப் ஓட்டும் சோலையைக் கட்டிக்கொண்டாள். பிறகு, உலகத்தில் இத்தனை ஊர் இருக்க, வண்டன்மேட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே கிடக்கும் எங்கள் பஜாருக்கு வந்து, என் கடைக்கு எதிர்க்கடையைப் பிடித்தாள்.

அதுவரை கேபிள் டிவியும் நான்தான், நெட்டும் நான்தான். 'நெட்டு ஜெகன்' என்றால் குழந்தைகூட வழி சொல்லும். அவள் போர்டு மாட்டிய முதல் நாளே தெருவைக் கடந்து வந்து எனக்கு லட்டு கொடுத்தாள். நன்றாக இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். நான் ஒரு வீட்டுக்குப் போனால், "பிளக் எங்கம்மா இருக்கு?" என்று கேட்பேன். பிளக் இருக்கும் இடத்தில் வைஃபை பெட்டியை வைப்பேன், வந்துவிடுவேன். அவள் பெட்டியைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டாள். "நீங்க எங்க உக்காந்து போன் பாப்பீங்க?" என்று கேட்பாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடப்பாள். சுவரைத் தட்டிப் பார்ப்பாள். வீட்டுக்கு நடுவில், ஆள் உயரத்துக்கு மேலே, பக்கத்தில் இரும்பும் தண்ணீரும் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் மாட்டுவாள். திருட்டுக்குப் பயந்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டியவர்கள் உண்டு. மங்களகரமாக இருக்கட்டும் என்று சாமி அலமாரியில், வெள்ளித்தகடு போட்ட முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தவர்கள் உண்டு. மீன் தொட்டியின் பின்னால் ஒளித்தவர்களும் உண்டு. அவற்றில் பாதி நான் மாட்டியவை. அவள் ஒவ்வொன்றாக இடம் மாற்றினாள். மாற்றிய வீடுகளில் எல்லாம் "நெட்டு இப்பத்தான் நெட்டு மாதிரி இருக்கு" என்று சொன்னார்கள். என் காதுபடச் சொன்னார்கள்.

இன்னொன்று. நான் எல்லா வீட்டுக்கும் ஒரே கடவுச்சொல்தான் வைத்திருந்தேன்: என் பெயரும் ஒன்று, இரண்டு, மூன்றும். எனக்கு ஞாபகம் வைக்க வசதி. பஜார் முழுக்க ஓசியில் ஓடியதும் அதனால்தான் என்று பிறகு தெரிந்தது. அவள் வீட்டுக்கு வீடு வேறு சொல் வைத்தாள். கடை, விடுதி என்றால் விருந்தாளிகளுக்குத் தனிப் பெயரில் ஒரு வைஃபை, பில் போடும் கம்ப்யூட்டருக்கும் கேமராவுக்கும் வேறொன்று. "வந்தவங்களுக்கு வராந்தாவத் தொறந்து விடலாம், அரிசிப் பானை இருக்க அறையையுமா தொறந்து விடுவாங்க?" என்று ஒரு பேக்கரிக்காரரிடம் அவள் சொன்னது என் கடைவரை கேட்டது. பேக்கரிக்காரர் தலையை ஆட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

என்னிடம் மிஞ்சியிருந்த பெரிய இடம் சரஸ்வதியம்மாள் வீடு. ரோட்டோரம் ஆறு அறை விடுதி. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், அரைக் கிலோமீட்டர் தள்ளி, அவருடைய ஸ்டோர், அதாவது ஏலக்காய் உலர்த்தும் கூடம். உலர்த்தும் அறையில் சூடு ஏறினால் காயின் பச்சை போய்விடும். அதனால் அங்கே சூடு பார்க்கும் மீட்டரும் ஒரு கேமராவும் வைத்து, வீட்டிலிருந்தே போனில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். வயர் இழுத்துப் பார்த்தோம். கிளை விழுந்து இரண்டு முறை அறுந்தது. ஆனி மாதம் விடுதிக் கூரையில் ஒரு கம்பி நட்டு, சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு பெட்டி, ஸ்டோர் கூரையில் அதைப் பார்த்தபடி இன்னொரு பெட்டி என்று மாட்டினேன். வயரே இல்லாமல் அம்பு விட்டதுபோல் அலை பிடித்தது. அந்த ஸ்டோர் நெட்டைச் சரியாக ஓட்டுகிறவனைத்தான் மலையில் மற்ற தோட்டக்காரர்களும் கூப்பிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும், முத்துப்பேச்சிக்கும் தெரியும்.

நான் கூரையில் நின்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் சோலையின் ஜீப்பில் அந்த வழியே போனாள். வண்டியை நிறுத்தச் சொல்லி, தலையை வெளியே நீட்டினாள்.

"ஏலே ஜெகா, நல்லாத்தான் வச்சிருக்க. ஐப்பசில வந்து பாரு."

அவ்வளவுதான். ஜீப் போய்விட்டது. நான் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ஐப்பசியில் வந்து பார் என்றால் என்ன அர்த்தம்? சாபம் விட்டுவிட்டுப் போகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படித்தான் விட்டிருப்பேன்.

ஆடி, ஆவணி நன்றாக ஓடியது. புரட்டாசியில் இழுத்து இழுத்து வந்தது. ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள் ஸ்டோரில் வேலை பார்க்கும் மலையாளி பினு போன் செய்தான்.

"சேட்டா, நெட்டு போயி. மீட்டர் ஒண்ணும் காணிக்கல."

ஐப்பசி! ஓடிப்போய் ஒரு பெட்டியை மாற்றினேன். சேனல் மாற்றினேன். பக்கத்து மேட்டில் இருக்கும் அவள் வீட்டுப் பெட்டி என் அலையோடு மோதுகிறதோ என்று போனை நீட்டிக்கொண்டு அரை நாள் திரிந்தேன். மோதவில்லை. மோதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், எனக்கு அந்தக் கோணல்கூடக் கிடைக்கவில்லை. ஒரு நேரம் வந்தது, ஒரு நேரம் போனது. மழை பெய்தால் சுத்தமாகப் போனது.

சரஸ்வதியம்மாள் நல்லவர். ஆனால் காய் விஷயத்தில் நல்லவர் இல்லை.

"ஏப்பா ஜெகன், காய் எடுப்பு உச்சத்துல இருக்கு. வர்ற வெள்ளிக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா முத்துப்பேச்சியக் கூப்பிட்டுருவேன். அப்புறம் வருத்தப்படாத."

வெள்ளிக்கு நாலு நாள் இருந்தது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். என் மனைவி ஆனந்தியிடம் சொல்லி ஒரு சாம்பல் பூசணிக்காய் வாங்கி, அதில் முழித்த கண்ணும் மீசையும் பல்லுமாகத் திருஷ்டி முகம் வரையச் சொன்னேன். விடுதிக் கூரையில் ஏறி, பெட்டி இருந்த கம்பியில் அதைக் கட்டினேன். முகம் முத்துப்பேச்சியின் வீட்டைப் பார்க்கும்படி கட்டினேன். அவள் வீடு ஸ்டோருக்கு நேர்மேலே மேட்டில், மொட்டைப்பாறையில் இருக்கிறது. காலையில் பல் தேய்க்க வெளியே வந்தாலே அவள் கண்ணில் பட வேண்டும் என்று கயிற்றை அளந்து, உயரம் பார்த்துக் கட்டினேன்.

இறங்கி வந்து பார்த்தால் நெட்டு முழுசாகச் செத்துக் கிடந்தது. புதன், வியாழன் இரண்டு நாளும் ஒரு சொட்டு வரவில்லை. அவள் கண் அவ்வளவு பொல்லாதது என்றுதான் நினைத்தேன். வியாழன் சாயங்காலம் பஜாரில் பத்துப் பேர் நிற்கும்போது, அவள் கடை வாசலில் போய் நின்று கத்தினேன்.

"ஒன் வாய்லேருந்து வந்ததுதான எல்லாம்? ஐப்பசின்னு நாள் குறிச்சவ நீதான? ஏன் பேச்சி இப்படி வயிறெரியுத?"

வயிறெரிந்தது யார் என்று அந்தப் பத்துப் பேருக்கும் தெரியும். முத்துப்பேச்சி கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"நாளைக்குக் காலைல கூரைக்கு வா" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் விடுதிக்கு வந்தாள். சோலை ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். ஆனந்தி எனக்கு ஒருநாளும் ஏணி பிடித்ததில்லை, அந்த வயிற்றெரிச்சல் தனி. கீழே சரஸ்வதியம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முத்துப்பேச்சி கூரையில் ஏறினாள். பூசணிக்காயைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கயிற்றை அவிழ்த்து, காயை இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் நீட்டினாள்.

"ஜெகா, இது முழுக்கத் தண்ணிதாம்லா? அலை தண்ணிக்குள்ள போனா அங்கயே செத்துப்போகும். பெட்டி மூஞ்சிக்கு நேரா கட்டி வச்சிருக்க." பூசணிக்காயின் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "மீசை அச்சு அசல் ஒன்ன மாதிரியே இருக்கு."

காயை எடுத்ததும் பினு ஸ்டோரிலிருந்து போனில் கூவினான். பாதி வந்துவிட்டது. மீதிப் பாதி ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. அவளே பள்ளத்தைக் கைகாட்டினாள்.

"நீ மாட்டுனப்போ ஆனி மாசம். அப்பத்தான் நெழல் மரத்துக் கிளையெல்லாம் கழிச்சு விட்டுருந்தாங்க. பள்ளம் வெட்ட வெளியா இருந்துச்சு. இப்பப் பாரு, பலாவும் முருக்கும் தழைஞ்சு நிக்கி. எலை எலையா மழைத்தண்ணி. எங்கம்மா கூட காய் எடுக்கப் போகையில, ஐப்பசில அண்ணாந்து பாத்தா வானமே தெரியாது. அதத்தாம்லே அன்னைக்கே சொன்னேன்."

சாபம் இல்லை. தொழில் அறிவுரை. அதுவும் இலவசமாக. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் கிளை கழிப்பதும், மழை முடிவதற்குள் அது மறுபடி தழைப்பதும் இந்த மலையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை. நான் அந்த நாலு மாதமும் அவள் வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரஸ்வதியம்மாள் கீழிருந்து கேட்டார். "அப்ப மரத்த வெட்டணுமா? முடியாதும்மா. நெழல் போனா ஏலம் போயிரும். நீயே எடுத்துச் செஞ்சு குடு முத்துப்பேச்சி."

போயிற்று என்று நினைத்தேன். கையில் பூசணிக்காயோடு கூரையில் நின்றேன்.

"மரத்த வெட்ட வேண்டாம்மா. மரத்துக்கு மேல போனாப் போதும்" என்றாள் முத்துப்பேச்சி. "நடுவுல ஒரு பெட்டி வைக்கணும். நெட்டு செத்த எடத்துல வச்சாப் பிரயோசனம் இல்ல, நல்லா வர்ற எடத்துல வச்சு அங்கேருந்து தள்ளி விடணும். எங்க வீட்டு மொட்டை மாடிலேருந்து இந்தக் கூரையும் தெரியும், ஸ்டோர் கூரையும் தெரியும். ஜெகனே அங்க மாட்டிக்கிடட்டும். லைன் அவன் பேர்லயே இருக்கட்டும். எனக்குக் கைல இருக்க வேலையே முடியல."

இதைவிட அவள் என்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சரஸ்வதியம்மாள் முகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

அன்று மதியமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். எதிர்க்கடையில் இத்தனை வருஷம் இருந்தும் அந்த வீட்டுப் படியை நான் மிதித்ததில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தள்ளி ஒரு கம்பி நட்டிருந்தாள். அதில் அவளுடைய பெட்டி, எதிர்மலை வீடுகளைப் பார்த்தபடி இருந்தது. என் பெட்டிகள் இரண்டையும் அதன் கீழே மாட்டினேன். விடுதி பிடித்தது. ஸ்டோர் பிடித்தது. போனில் பார்த்தால் பினு மீட்டரின் முன்னால் நின்று கட்டைவிரலைக் காட்டிக்கொண்டிருந்தான். ஆனி மாதத்தில்கூட அவ்வளவு தெளிவாக வந்ததில்லை.

ஸ்பானரை எடுக்கக் குனிந்தபோதுதான் கம்பியின் பின்பக்கத்தைக் கவனித்தேன். அங்கே ஒரு பூசணிக்காய் தொங்கியது. முழித்த கண்ணும் பல்லுமாகத் திருஷ்டி முகம். வெயிலும் மழையும் பட்டுச் சுருங்கியிருந்தது. கட்டி ரொம்ப நாள் ஆகியிருக்கும். அது பார்த்த திசையில் நானும் பார்த்தேன். கீழே பஜார். பஜாரில் என் கடை போர்டு.

முத்துப்பேச்சி டம்ளரில் காப்பியோடு படியேறி வந்தாள். நான் பூசணிக்காயைக் காட்டினேன்.

"இது யாருக்கு?"

"ஒனக்குத்தாம்லே. ஒன் கண்ணு லேசுப்பட்டதா? கடை தொறந்த அன்னைக்கே கட்டுனேன், அழுக அழுக மாத்திக்கிட்டு இருக்கேன்."

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! அவளும் என்னைக் கண்டு பயந்திருக்கிறாள். காப்பியை வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். அவள் வீட்டுக் காப்பி எனக்கு இனித்தது.

"ஆனா ஜெகா," என்றாள் அவள், காலி டம்ளருக்காகக் கையை நீட்டிக்கொண்டே, "கட்டுனா பெட்டிக்குப் பின்னால கட்டணும்லா?"