டைரக்ட் கொடுத்த கரண்ட்

என் வீட்டுக்காரர் பாதுகாப்புக்காகப் பரிசு வாங்கியவர். அவர் வேலை செய்யும் கம்பெனியில் பாதுகாப்பு வாரம் கொண்டாடியபோது வாசகப் போட்டி வைத்தார்கள். குடும்பத்தை நினைத்துக்கொண்டு வேலை செய் என்கிற பொருளில் எதையோ எழுதிக் கொடுத்து, முதல் பரிசாக ஒரு ஹாட் பாக்ஸ் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் குடும்பம் என்பது நான்தான். அந்த ஹாட் பாக்ஸில் நான் ஒரு நாளும் இட்லி வைத்ததில்லை. யார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கோ கொடுத்து ஒழித்தேன்.

பைக்கில் ஏறினால் என் முந்தானையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார், சக்கரத்தில் சிக்கிவிடுமாம். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் கேஸ் டியூப்பைக் குனிந்து பார்த்து, எப்போது மாற்றினீர்கள் என்று கேட்பார். அவர்களும் ஆகா, எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று வாயைப் பிளப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்த வீட்டு டியூப்பைப் பார்க்கிற கண் சொந்த வீட்டு வயரைப் பார்க்காது.

எங்கள் வீடு ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பின்பக்க அறைகளைக் கம்பெனிக்குப் போகும் தெற்கத்திப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். முன்பக்கம் இருக்கும் சின்ன அறை என்னுடைய தையல் அறை. ஜாக்கெட் தைப்பது எப்போதாவதுதான். நிறைய வருவது யூனிபார்ம். கம்பெனிக்காரர்களுக்கு மனிதர்கள் எல்லாம் ஒரே அளவு என்று நினைப்பு. ஒல்லிப் பெண்ணுக்கும் ஆள் உள்ளே ஒளிந்துகொள்கிற மாதிரி ஒரு சட்டையைக் கொடுத்து அனுப்புவார்கள். அதைப் பிடித்து, பேன்ட்டைக் குறைத்து, பாக்கெட்டை மாற்றித் தைப்பதுதான் என் பிழைப்பு. மூடிப்போன ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து பழைய பவர் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறேன். தலை இரும்பு, ஸ்டாண்டும் இரும்பு. பல வருஷமாக அது எனக்கு ஒரு தொல்லையும் கொடுத்ததில்லை.

தொல்லை கொடுத்தது அவருடைய கூலர். நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குகிறவருக்கு வெயில் ஆகாது. அதனால் இந்தக் கோடை தொடங்கும்போது, தகரத்தில் செய்த பெரிய ஏர் கூலர் ஒன்றை எங்கிருந்தோ பழையதாகப் பிடித்துக்கொண்டு வந்தார். தண்ணீர் ஊற்றினால் அது லாரி மாதிரி சத்தம் போடும். அந்தச் சத்தத்தில் அவருக்குத் தூக்கம் வரும், என் மெஷின் சத்தத்தில்தான் வராது.

கூலர் வந்த வாரத்திலிருந்து மெயின் பாக்ஸில் இருக்கும் டிரிப் சுவிட்ச் விழ ஆரம்பித்தது. வீட்டில் எங்காவது கரண்ட் கசிந்தால், ஆள் தொடுவதற்கு முன்னால் மொத்தக் கரண்டையும் நிறுத்துகிற சுவிட்ச் அது. மதியம் பன்னிரண்டு, ஒரு மணிக்கு அது டப்பென்று விழும். ஃபேன் நிற்கும், கூலர் நிற்கும், உள்ளேயிருந்து சத்தம் வரும்.

"மெஷின நிறுத்துடி! ராத்திரி பூரா நின்னுகினு வேல செஞ்சிட்டு வந்து படுத்துகினு கீறேன். தூங்க வுடமாட்டியா?"

"மெஷின் ஓடவே இல்லீங்க. நான் கையால காஜா எடுத்துகினு இருந்தேன்."

"அப்ப சுவிட்ச் தானா வுழுந்துச்சா?"

"உங்க கூலர் வந்ததுலேர்ந்துதான் வுழுது."

"கூலர் புதுசா பெயின்ட் அடிச்சு கீதுடி. உன் மெஷின்தான் எந்தக் காலத்து இரும்போ."

பெயின்ட் அடித்தால் உள்ளே இருக்கும் வயர் புதுசாகிவிடும் என்று நம்புகிற ஆளோடு என்ன பேசுவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூலைப் போட்டு ஏறி, டிரிப் சுவிட்சுக்கு வருகிற வயரையும் அதிலிருந்து போகிற வயரையும் நேராகச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினார். சுவிட்ச் பார்வைக்கு அங்கேயே இருந்தது. அதற்கு ஒரு வேலையும் இல்லை, அவ்வளவுதான்.

"டைரக்ட் குடுத்துட்டேன். இனிமே பிரச்சன இல்ல" என்று கையைத் தட்டிக்கொண்டு இறங்கினார். இதையே அவர் கம்பெனியில் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அது அவருக்கும் தெரியும். ஆனால் அங்கே பார்க்க ஆள் இருக்கிறது. இங்கே நான்தானே இருக்கிறேன்.

அதற்குப் பிறகு மெஷினைத் தொட்டால் சில நாள் விரலில் சுர்ரென்று இருந்தது. சொன்னேன். சிரித்தார். யூனிபார்ம் துணியில் பாலியஸ்டர் கலந்திருக்கிறதாம், உரசினால் அப்படித்தான் வருமாம், அதற்குப் பெயர் ஸ்டேட்டிக்காம். கம்பெனியில் வகுப்பு எடுத்தார்களாம். எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லோருக்கும் இந்த வார்த்தை தெரியும். லைனில் ஸ்டேட்டிக் வராமலிருக்கக் கையில் பட்டை கட்டிக்கொண்டு சர்க்யூட் போர்டு பிடிக்கிறவர்கள் ஆயிற்றே. வீட்டில் பெண்டாட்டிக்கு ஷாக் அடித்தாலும் அது ஸ்டேட்டிக்தான்.

மே மாதம் ஒரு மதியம். தரையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பின்னறைப் பெண் ஒருத்தி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, சட்டையைப் பிடித்துத் தரச் சொல்லி வந்து என் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு அன்றைக்கு செகண்ட் ஷிப்ட். தைக்கும்போது ஊசி ஒடிந்தது. மெஷின் சுவிட்சை அணைத்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு இது பெரிய வழக்காகிவிட்டது. அணைத்தேன். மோட்டார் நின்றது. எழுந்து தரையில் கால் வைத்து, ஊசியைக் கழற்ற இடது கையால் மெஷின் தலையைப் பிடித்தேன்.

அதற்கப்புறம் கை என்னுடையதாக இல்லை. இரும்போடு ஒட்டிக்கொண்டது. விடவேண்டும் என்று தெரிகிறது, விட முடியவில்லை. வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. பக்கத்து அறையில் கூலர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. செத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அப்போது சாமி ஞாபகம் வரவில்லை, பெற்றவர்கள் ஞாபகம் வரவில்லை. டேப் சுற்றின அந்த வயர்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அத்தனை கோபத்தோடு யாரும் செத்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பெண் என்னைத் தொடவில்லை. சுவரிலிருந்து வருகிற மெஷின் வயரைப் பிடித்து, பிளக் பிய்ந்து வெளியே வருகிற மாதிரி ஒரே இழுப்பாக இழுத்தாள். நான் பின்னால் சரிந்து ஸ்டாண்டின் மூலையில் தோளை மோதிக்கொண்டு விழுந்தேன்.

"யக்கா! யக்கா, என்னைப் பாருங்க! மூச்சு விடுங்க!" என்று கத்தினாள். பிறகு உள்ளே பார்த்து, "யண்ணே, எந்திரிச்சு வாங்க! அக்காவுக்கு கரண்டு அடிச்சிட்டு!" என்று கூப்பிட்டாள்.

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுதான்:

"ஈரத் தரையில நின்னுகினு மெஷின புடிச்சா அடிக்காம இன்னா பண்ணும்?"

ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைப் பார்த்து அனுப்பினார்கள். உள்ளங்கையில் கருத்த தழும்பும், தூக்க முடியாத தோளும் மிச்சம். பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் அவர் என் விபத்துக்குக் காரணம் சொன்னார். நாத்தனார் வந்தபோது, ஆப்பிள் நறுக்கிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்.

"கவனம் இல்லக்கா. சுவிட்ச ஆப் பண்ணாமயே ஊசிய மாத்தியிருக்கா. நான் எவ்ளோ தபா சொல்லியிருக்கேன்."

அந்தத் தூத்துக்குடிப் பெண் கஞ்சியோடு வாசலில் நின்றிருந்தாள். "இல்லண்ணே, அக்கா ஆப் பண்ணிட்டுத்தான் எந்திரிச்சாங்க. நான் இங்கனதான நின்னேன்" என்றாள்.

"உனக்குத் தெரியாதும்மா" என்றார் அவர். நாத்தனார் என்னைப் பார்த்து, இனிமேலாவது பார்த்து நடந்துக்கோ என்றாள். எனக்கு அந்த ஆப்பிளை அப்படியே முகத்தில் எறிய வேண்டும் போலிருந்தது. தோள் ஒத்துழைக்கவில்லை.

நான் அணைத்திருந்தேன். அப்படியானால் அணைத்த மெஷினுக்குக் கரண்ட் எங்கிருந்து வந்தது? படுத்திருந்த நாள் எல்லாம் இதையே யோசித்தேன். தோள் கொஞ்சம் தேறியதும், ஒரு மதியம், அவர் கூலரைப் போட்டுக்கொண்டு தூங்கும்போது தையல் அறைக்குப் போனேன். ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டேன். பிளக்கைச் செருகினேன், மெஷின் சுவிட்சை அணைத்தே வைத்தேன். டெஸ்டரை எடுத்து மெஷின் தலையில் வைத்தேன். விளக்கு எரிந்தது. அணைத்த மெஷினில் எரிந்தது.

அறை அறையாகப் போய் ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு வந்து வைத்துப் பார்த்தேன். ஃபிரிட்ஜை அணைத்தேன், எரிந்தது. டிவியை அணைத்தேன், எரிந்தது. பிறகு அவர் படுத்திருந்த அறைக்குள் போய்க் கூலரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து வைத்தேன். அணைந்திருந்தது.

"கூலர யாருடி நிறுத்தினது?" என்று அவர் எழுந்து வந்தார்.

கூலரைப் போடச் சொன்னேன், டெஸ்டரை வைத்துக் காட்டினேன். எரிந்தது. அணைக்கச் சொன்னேன். அணைந்தது. அவரே இன்னொரு முறை போட்டு, அணைத்துப் பார்த்தார். கூலரில் கசிகிற கரண்ட், வீட்டு பிளக்குகளுக்கெல்லாம் பொதுவான எர்த் வயர் வழியாக என் மெஷினுக்கு வருகிறது என்பது அவருக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்தது. முகத்தில் தெரிந்தது. ஆனாலும் வாயைப் பாருங்கள்.

"ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் கோளாறு இருக்கும்" என்றார்.

மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு நிமிஷம் எதிர்பார்த்தேன். அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

அடுத்த வாரம் அவர் பகல் ஷிப்டுக்குப் போனபோது வாலாஜாபாத்திலிருந்து எலெக்ட்ரீஷியனை வரவழைத்தேன். வீட்டுக்குப் பின்னால் எர்த் குழி தண்ணீர் காணாமல் காய்ந்து கிடந்தது. அதனால்தான் கூலரின் கரண்ட் மண்ணுக்குள் இறங்காமல் என் மெஷினுக்கு வந்திருக்கிறது. அதைத் தோண்டிக் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். டேப்பைப் பிரித்து டிரிப் சுவிட்சை மறுபடியும் வேலைக்கு விட்டார். மெயின் பாக்ஸில் வயர்களை மூடுகிற ஒரு தகடு வைத்துப் பூட்டு மாட்டச் சொன்னேன். வெளியே இருக்கும் சுவிட்சை யார் வேண்டுமானாலும் போடலாம், அணைக்கலாம். உள்ளே இருக்கும் வயரைத் தொட வேண்டுமென்றால் சாவி வேண்டும். இந்த யோசனையைக் கொடுத்ததும் என் வீட்டுக்காரர் கம்பெனிதான். மெஷினுக்குள் கை விடுகிறவர், மெயினை நிறுத்தித் தன் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டுமாம். மேனேஜரே கேட்டாலும் கொடுக்கக் கூடாதாம். அவர்தான் பெருமையாகச் சொன்னார்.

மறுபடி நைட் ஷிப்ட் வந்தது. மதியம் கூலர் ஓடியது, டப்பென்று சுவிட்ச் விழுந்தது. அவர் வந்து சுவிட்சைத் தூக்கிவிட்டார். விழுந்தது. இன்னொரு தரம் தூக்கினார். அப்புறம்தான் பூட்டைப் பார்த்தார்.

"சாவி எங்க?"

"என்கிட்ட கீது."

"குடு. இப்போதிக்கு டைரக்ட் குடுத்துட்டு தூங்கறேன். கூலர அப்பால பாத்துக்கலாம்."

டெஸ்டரைத் தன் கையாலேயே வைத்துப் பார்த்த மனிதர் இதைச் சொல்கிறார்.

"எனக்கு மறுபடி அடிச்சா?"

"செருப்ப போட்டுகினு தையேன்" என்றார்.

கத்திச் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தோடும் சொல்லவில்லை. உப்பு குறைந்தால் போட்டுக்கோ என்கிற மாதிரி சொன்னார். கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு நாளும் அவரை நீ என்று பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

"தரமாட்டேன். நீ போயி கூலர மொதல்ல ரிப்பேர் பண்ணு."

அவர் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அந்தக் கூலரைச் சரிசெய்ய ஒரு மெக்கானிக் வந்தால் போதும், ஒரு மதிய வேலை. இன்னும் கூப்பிடவில்லை. நான் என்றைக்காவது இளகிச் சாவியைக் கொடுத்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டு வேர்வையில் புரண்டுகொண்டிருக்கிறார்.